காட்டு விலங்கின் குட்டி கண்ணில் பட்டால்: 48 மணி நேர விதியும் அதற்கு முன் செய்ய வேண்டியதும்

கரும்பு வெட்டும் காலத்தில் சோகைக்கு நடுவே கண் திறக்காத குட்டிகள் கிடப்பது நம் ஊர்களுக்குப் புதிதல்ல. தேயிலைத் தோட்டத்தில் சிறுத்தைக் குட்டி, காற்றில் சாய்ந்த தென்னையோடு விழுந்த கிளிக்குஞ்சு, நாய் துரத்தித் தனித்துப்போன புள்ளிமான் குட்டி, தாய் கரண்டில் அடிபட்டுச் செத்த குரங்குக்குட்டி என்று ஊருக்கு ஊர் விலங்கு மாறும். பார்ப்பவர் மனம் மட்டும் எங்கும் ஒன்றுதான்: ஐயோ பாவம், வீட்டுக்குத் தூக்கிப்போய்ப் பால் கொடுப்போம். அந்த இரக்கத்தை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்தக் குட்டியை வளர்க்கும் உரிமையைச் சட்டம் யாருக்கும் தரவில்லை. உடனே தகவல் சொல்லும் கடமையைத்தான் தந்திருக்கிறது. இது தெரியாததால் குட்டியும் செத்து, தூக்கிப்போனவரும் வழக்கில் மாட்டிக்கொள்வது உண்டு.

சட்டத்தில் உள்ளது

1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம்தான் இதற்கு அடிப்படை. 2022-இல் அதைத் திருத்தினார்கள். திருத்தம் 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. முன்பு 6 அட்டவணைகள் இருந்தன, இப்போது 4. பாதுகாக்கப்பட்ட விலங்குகளும் பறவைகளும் முதல் இரண்டில் வருகின்றன. யானை, புலி, சிறுத்தை, தேவாங்கு, மயில், நட்சத்திர ஆமை எல்லாம் முதல் அட்டவணை. வீட்டுக்கு வீடு கூண்டில் தொங்கும் பச்சைக்கிளியும் பாதுகாக்கப்பட்ட பறவைதான் என்பது பலருக்குத் தெரிவதில்லை.

9-ஆவது பிரிவு வேட்டையைத் தடை செய்கிறது. வேட்டை என்றதும் துப்பாக்கிதான் நினைவுக்கு வரும். சட்டத்தின் விளக்கத்தில் பிடிப்பதும் வேட்டை, கண்ணி வைப்பதும் வேட்டை. பறவைகள், ஊர்வனவற்றின் முட்டையைச் சேதப்படுத்துவதும் கூட்டைக் கலைப்பதும்கூட வேட்டையில் சேரும்.

39-ஆவது பிரிவுதான் நமக்கு முக்கியம். அதன்படி இப்படிப்பட்ட விலங்கு மாநில அரசின் சொத்து. அது எந்த வகையில் கைக்கு வந்திருந்தாலும் சரி, 48 மணி நேரத்துக்குள் பக்கத்துக் காவல் நிலையத்திலோ அதிகாரம் பெற்ற அலுவலரிடமோ தெரிவிக்க வேண்டும். கேட்டால் ஒப்படைக்க வேண்டும். தலைமை வன உயிரினக் காப்பாளரின் எழுத்துபூர்வமான முன் அனுமதி இல்லாமல் வைத்திருக்கக் கூடாது. இந்த 48 மணி நேரத்தை ‘இரண்டு நாள் வீட்டில் வைத்துப் பார்க்கலாம்’ என்று சிலர் எடுத்துக்கொள்கிறார்கள். அது அறிக்கை கொடுப்பதற்கான கடைசிக் கெடு. பால்குடி மறக்காத குட்டிக்கு இரண்டு நாள் என்பது உயிர் போகும் அவகாசம். பார்த்த அரை மணிக்குள் போன் செய்துவிட்டால் இந்தக் கெடுவைப் பற்றியே யோசிக்க வேண்டியதில்லை.

மீறினால் பொதுவாக 3 ஆண்டு வரை சிறை, 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். முதல் அட்டவணை விலங்கு என்றால் குறைந்தது 3 ஆண்டு, அதிகம் 7 ஆண்டு சிறை. அபராதம் 25,000 ரூபாய்க்குக் குறையாது.

நல்லெண்ணத்தோடு காப்பாற்றியவராவது குட்டியைத் தன்னிடம் வைத்துக்கொள்ள முடியுமா? 2024-இல் சென்னை உயர் நீதிமன்றத்துக்கு வந்த ஒரு வழக்கு இதற்குப் பதில். நாய்கள் கடித்துக் குதறிய குரங்குக்குட்டி ஒன்றைக் கால்நடை மருத்துவர் ஒருவர் மாதக்கணக்கில் சிகிச்சை தந்து தேற்றினார். வனத்துறை அதை எடுத்துப்போய் வண்டலூர் உயிரியல் பூங்காவில் சேர்த்தது. தன்னிடமே திருப்பித் தர வேண்டும் என்று அவர் கேட்டார், நீதிமன்றம் ஒப்புக்கொள்ளவில்லை. சிகிச்சை அளிக்கத் தெரிந்தவர், பாசம் வைத்தவர், குட்டியும் அவரிடம் ஒட்டிக்கொண்டது. அவருக்கே கிடைக்கவில்லை என்றால் நமக்கு எப்படிக் கிடைக்கும்?

அது உண்மையிலேயே அநாதைதானா?

நான் அதிகம் வலியுறுத்த விரும்புவது இதைத்தான். தனியாகக் கிடக்கும் குட்டி என்றால் தாய் விட்டுப்போன குட்டி என்று நாமே முடிவு கட்டிவிடுகிறோம். பெரும்பாலும் தாய் பக்கத்தில்தான் இருக்கும். நாம் நிற்பதால் வராமல் இருக்கும்.

புள்ளிமானும் வெளிமானும் ஈன்ற குட்டியைப் புல்லுக்குள் படுக்க வைத்துவிட்டு மேயப் போகும். தாய் வரும்வரை குட்டி அசையாமல் கிடக்கும். நாம் அருகே போனாலும் ஓடாது. ‘பாவம், எழுந்திருக்கக்கூட முடியவில்லை’ என்று நாம் நினைப்பது உண்மையில் அதன் தற்காப்பு. காட்டு முயலும் அப்படித்தான். பகலெல்லாம் குட்டியின் பக்கமே தலைகாட்டாது, இருட்டிய பிறகு வந்து பால் கொடுத்துவிட்டுப் போகும். பகலில் முயல்குட்டியை ‘மீட்டு’ வருகிறவர், இரவு தாய் வந்து தேடும்போது குட்டி அங்கே இல்லாமல் செய்கிறார்.

கரும்புக் காட்டில் கிடைப்பவை பெரும்பாலும் காட்டுப்பூனைக் குட்டிகள். சிறுத்தைக் குட்டி என்று ஊரே கூடிவிடும். எதுவாக இருந்தாலும் அந்தப் பாத்தியில் மட்டும் வெட்டை நிறுத்திவிட்டு ஆட்களை விலக்குங்கள். பூனையோ சிறுத்தையோ, ஆள் அரவம் அடங்கியதும் வாயில் கவ்வி வேறு இடத்துக்குக் கொண்டுபோய்விடும். சிறுத்தைக் குட்டி கிடந்த இடத்தில் தாய் அருகில் இருக்கிறது என்றே வைத்துக்கொள்ள வேண்டும். அங்கே கூட்டமாக நின்று படம் எடுப்பது உயிரோடு விளையாடுவது.

இறகு முளைத்து, வால் குட்டையாகத் தரையில் தத்தும் குஞ்சு பறக்கப் பழகும் குஞ்சு. நாயும் பூனையும் எட்டாதபடி பக்கத்துச் செடியிலோ தாழ்ந்த கிளையிலோ தூக்கி வைத்தால் போதும், தாய் தேடி வந்து இரை கொடுக்கும். இறகே இல்லாத குஞ்சைக் கூடு தெரிந்தால் கூட்டிலேயே திரும்ப வைக்கலாம். மனிதக் கை பட்டால் தாய் ஏற்காது என்பது வழிவழியாக வந்த நம்பிக்கை. பறவைகள் விஷயத்தில் அதில் உண்மை இல்லை.

கடற்கரையில் இருப்பவர்களுக்கு ஒன்று. பங்குனி ஆமைக் குஞ்சுகளுக்குத் தாயின் துணையே கிடையாது. முட்டையிட்ட கையோடு தாய் கடலுக்குப் போய்விடும். குஞ்சுகள் வெளிச்சம் தெரியும் பக்கம் நகரும் இயல்புடையவை. தெருவிளக்கைப் பார்த்துச் சாலைப் பக்கம் ஊர்ந்து வந்தால் வாளித் தண்ணீரில் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது. விளக்கை அணைக்கச் சொல்லிவிட்டு வனத்துறைக்கோ, சென்னையில் 1988 முதல் இரவு இரவாகக் கடற்கரையில் நடந்து முட்டைகளைக் காக்கும் மாணவர் கடலாமைப் பாதுகாப்புக் குழுவினருக்கோ சொல்லுங்கள்.

தாய் செத்துக் கிடப்பதை நேரில் பார்த்திருந்தால், குட்டிக்கு ரத்தக் காயம் இருந்தால், ஈ மொய்த்தால், நாய் கவ்வியிருந்தால், உடம்பு சில்லிட்டிருந்தால் காத்திருக்க வேண்டாம். அப்போது உதவி தேவை, அதுவும் சீக்கிரம் தேவை.

ஆள் வரும்வரை

வனக்காப்பாளர் வந்து சேர ஒரு மணி நேரம் ஆகலாம், மூன்று மணி நேரமும் ஆகலாம். குட்டி ஆபத்தான இடத்தில் இல்லை என்றால் தொடவே வேண்டாம், தூரத்தில் நின்று காவல் இருங்கள். எடுத்தே ஆக வேண்டிய சின்னக் குட்டி என்றால் காற்றுத் துளை போட்ட அட்டைப் பெட்டியில் பழைய பருத்தித் துணி விரித்து வைத்து மூடுங்கள். வெந்நீர் நிரப்பிய பாட்டிலைத் துணியில் சுற்றி ஓரமாக வைத்தால் கதகதப்பு கிடைக்கும். இருட்டும் அமைதியும் சூடும்தான் அதற்கு முதல் மருந்து. பசியைவிடக் குளிரும் பயமும் வேகமாகக் கொல்லும்.

பால் வேண்டாம். மாட்டுப்பால், பாக்கெட் பால் எதுவும் வேண்டாம். காட்டுக்குட்டியின் வயிறு அதைத் தாங்காது, கழிச்சல் கண்டு ஒரே இரவில் நீர் வற்றிப் போகும். குஞ்சின் அலகைத் திறந்து தண்ணீர் ஊற்றவும் கூடாது. நாக்குக்குப் பின்னாலேயே மூச்சுக்குழல் திறப்பு இருக்கிறது, நீர் நேரே நுரையீரலுக்குப் போய்விடும். குரங்கு, கீரி, நரி, வௌவால் குட்டிகளை வெறுங்கையால் தொடாதீர்கள். கடித்தாலோ கீறினாலோ சோப்புப் போட்டு ஓடும் நீரில் கால் மணி நேரம் கழுவிவிட்டு அன்றே அரசு மருத்துவமனைக்குப் போய் வெறிநோய்த் தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள். குட்டிதானே என்று விடக் கூடாது.

தாய்ப்பாலின் அருமை யானைக்குட்டி விஷயத்தில் நன்றாகத் தெரியும். 2023 மார்ச்சில் தருமபுரி மாவட்டத்தில் கிணற்றில் விழுந்த சுமார் நான்கு மாதக் குட்டியை மீட்டார்கள். கூட்டத்தோடு சேர்க்கப் பார்த்து முடியாமல், முதுமலை தெப்பக்காடு முகாமுக்குக் கொண்டுபோனார்கள். பல தலைமுறையாக யானையோடு வாழ்பவர்கள், கால்நடை மருத்துவர், செயற்கைப் பால் எல்லாம் இருந்தும் அந்த மாத இறுதிக்குள் அது இறந்துபோனது. அதே முகாமில் ரகு, பொம்மி என்று இரண்டு அநாதைக் குட்டிகளை அங்கே யானை பராமரிக்கும் தம்பதியான பொம்மனும் பெள்ளியும் வளர்த்து ஆளாக்கிய வரலாறும் இருக்கிறது. அத்தனை அனுபவம் உள்ள கைகளுக்கே இது நிச்சயமில்லாத வேலை.

அதனால்தான் தாயோடு சேர்ப்பதையே வனத்துறை முதல் முயற்சியாக வைக்கிறது. 2023 டிசம்பர் கடைசியில் வால்பாறைப் பகுதியில் கூட்டத்தைப் பிரிந்த குட்டியானை ஒன்று கிடைத்தது. ஆனைமலைப் புலிகள் காப்பகத்தினர் ட்ரோன் பறக்கவிட்டுக் கூட்டம் நின்ற இடத்தைக் கண்டுபிடித்து, குட்டியைக் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். தாயின் அணைப்பில் குட்டி தூங்கும் படம் பிறகு வெளிவந்தது, பலர் பார்த்திருப்பீர்கள். மகாராஷ்டிரத்தின் ஜுன்னர் பகுதிக் கரும்புக் காடுகளில் சிறுத்தைக் குட்டிகளுக்கு வேறு முறை. குட்டியைப் பரிசோதித்து, கிடைத்த அதே இடத்தில் பெட்டிக்குள் வைத்து, கேமராவைப் பொருத்திவிட்டு எல்லோரும் விலகிவிடுவார்கள். இரவில் தாய் வந்து பெட்டியைச் சாய்த்துக் குட்டியைக் கவ்விப்போகும். இது நடக்க வேண்டுமானால் குட்டி கிடந்த இடம் துல்லியமாகத் தெரிந்திருக்க வேண்டும். பத்து கிலோமீட்டர் தள்ளி வீட்டில் வைத்துக்கொண்டு போன் செய்தால் பாதி வாய்ப்பு அப்போதே போய்விட்டது.

புலிக்குட்டி என்றால் தேசியப் புலிகள் பாதுகாப்பு ஆணையம் தனி நெறிமுறையே வைத்திருக்கிறது. தாயைத் தேட வேண்டும். கிடைக்காவிட்டால் அடைப்பில் குறைந்தது இரண்டு ஆண்டு வளர்க்க வேண்டும். காட்டில் விடுமுன் அது 50 முறையாவது தானே இரை அடித்திருக்க வேண்டும். 2021-இல் வால்பாறை முடீஸ் பக்கம் மீட்கப்பட்ட குட்டிக்காக மானாம்பள்ளி வனச்சரகத்தில் 10,000 சதுர அடியில் அடைப்பு கட்டினார்கள்.

யாருக்குச் சொல்வது

உங்கள் பகுதி வனச்சரக அலுவலகம்தான் முதல் இடம். அதன் எண்ணை இன்றே கேட்டு வாங்கிப் போனில் பதிந்து வையுங்கள். தெரியாதபோது 112-ஐ அழைக்கலாம், காவல் நிலையத்திலும் சொல்லலாம். 39-ஆவது பிரிவு காவல் நிலையத்தையே குறிப்பிடுவதால் ‘இது எங்கள் வேலை இல்லை’ என்ற பேச்சுக்கு இடமில்லை. கிணற்றில் விழுந்த விலங்குக்குத் தீயணைப்புத் துறையும் வரும். 1962 என்பது கால்நடைகளுக்கான ஊர்தி, அதைக் காட்டு விலங்குக்கு நம்பியிருக்க வேண்டாம்.

சொல்லும்போது இடம், நேரம், எத்தனை குட்டி, காயம் உண்டா, தாயைப் பார்த்தீர்களா என்பதைச் சொல்லுங்கள். தூரத்தில் இருந்து ஒரு படம் எடுத்து இருப்பிடக் குறியோடு அனுப்பினால் பெரிய உதவி. சமூக வலைத்தளத்தில் இடத்தைப் போடாதீர்கள், கூட்டம்தான் வரும். ஒப்படைக்கும்போது தேதி, நேரம், அலுவலர் பெயரோடு ஒரு வரி எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வாங்காவிட்டாலும் போன் செய்த பதிவை அழிக்காமல் வையுங்கள்.

பிறகு அந்தக் குட்டியைப் பார்க்க உரிமை கேட்க முடியாது. மனம் கேட்கவில்லை என்றால் வண்டலூர் பூங்காவில் விலங்குத் தத்தெடுப்புத் திட்டம் இருக்கிறது. பணம் கட்டி ஒரு விலங்கின் தீவனச் செலவை ஏற்கலாம். விலங்கு பூங்காவில்தான் இருக்கும்.

ஏற்கெனவே வீட்டில் கிளியோ நட்சத்திர ஆமையோ வைத்திருப்பவர்கள் தாமாகவே வனச்சரக அலுவலகத்தில் பேசி ஒப்படைப்பதுதான் வழி. பயந்துபோய் இரவோடு இரவாக வெளியே விட்டுவிடாதீர்கள். கூண்டிலேயே வளர்ந்த கிளிக்கு இரை தேடவும் தெரியாது, வல்லூறுக்குத் தப்பவும் தெரியாது.