மூளையதிர்வுக்குப் பின் பேச்சும் பொழுதுபோக்கும்: எப்போது, எவ்வளவு?

பைக்கிலிருந்து விழுந்து தலையில் அடிபட்டவருக்கு சி.டி. ஸ்கேனில் ஒன்றும் இல்லை என்று தெரிந்ததும் வீட்டார் பெருமூச்சு விடுகிறார்கள். ஆனால் கன்கஷன் என்று மருத்துவர்கள் குறிப்பிடும் மூளையதிர்வில் ஸ்கேன் பெரும்பாலும் இயல்பாகவே இருக்கும். பாதிப்பு நரம்பணுக்கள் வேலை செய்யும் விதத்தில் இருப்பதால் அது படத்தில் தெரிவதில்லை. தலைவலி, வெளிச்சமும் சத்தமும் தாங்க முடியாமை, கிறுகிறுப்பு, கவனம் நிற்காமை எல்லாம் அங்கிருந்துதான் வருகின்றன.

அடிபடும் நொடியில் மூளை குலுங்கி முறுக்குண்டு, நரம்பணுக்களின் சவ்வுகள் இழுபடுகின்றன. அணுவுக்குள் இருக்க வேண்டிய பொட்டாசியம் வெளியேறுகிறது, வெளியே இருக்க வேண்டிய கால்சியம் உள்ளே புகுகிறது. கலைந்த இந்த ஒழுங்கைச் சரிசெய்ய, சவ்விலுள்ள பம்புகள் ஏடிபி என்னும் ஆற்றல் மூலக்கூறை அளவுக்கு மீறிச் செலவழிக்கின்றன. அதே வேளையில் மூளைக்கு வரும் இரத்த ஓட்டமும் குறைந்துவிடுவதால், தேவை கூடும்போது வரவு குறைகிறது. கிறிஸ்டோபர் கீசாவும் டேவிட் ஹோவ்டாவும் 2001-இல் விரிவாக விளக்கிய இந்த ஆற்றல் நெருக்கடி, விலங்கு ஆய்வுகளில் ஒரு வாரம் முதல் பத்து நாள் வரை நீடித்தது.

இந்த நிலையில் இருப்பவரைப் பார்க்க உறவினர்கள் வருகிறார்கள். ஆப்பிளும் ஹார்லிக்ஸும் கையுமாக ஐந்தாறு பேர் கட்டிலைச் சுற்றி நிற்க, பெரியப்பா விபத்து எப்படி நடந்தது என்று கேட்க, அத்தை வேறு யாருக்கோ நடந்த விபத்தைச் சொல்ல, கூடத்தில் டி.வி. ஓடிக்கொண்டிருக்கும். படுத்திருப்பவர் சும்மாதான் இருக்கிறார் என்று நமக்குத் தோன்றும். ஆனால் அவருடைய மூளை பல குரல்களிலிருந்து ஒன்றைப் பிரித்தெடுத்து, முகத்துக்கு முகம் கண்ணைத் திருப்பி, முன்பு சொன்னதை நினைவில் நிறுத்தி, பதிலையும் தேடிக்கொண்டிருக்கிறது. நலமாக இருக்கும் மூளை தானாகச் செய்துவிடும் இந்த வேலைக்கு, அடிபட்ட மூளை ஒவ்வொரு கணமும் முயன்று ஆற்றல் செலவிட வேண்டியிருக்கிறது. கண்ணசைவையும் உடற்சமநிலையையும் இணைக்கும் பாதைகளும் பாதிக்கப்பட்டிருந்தால், கண்முன்னே ஆட்கள் நடமாடுவதே குமட்டலைக் கிளப்பிவிடும். அன்பால் வந்தவர்கள் போன பிறகு அவர் தலையைப் பிடித்துக்கொண்டு படுப்பதன் காரணம் இதுதான்.

அப்படியென்றால் இருட்டறையில் தனியாகப் படுக்க வைப்பதுதான் சரியா? நெடுங்காலம் அதுவே அறிவுரையாக இருந்தது. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் 11 முதல் 22 வயது வரையுள்ளவர்களிடம் நடந்து 2015-இல் வெளியான ஆய்வு, அந்த நம்பிக்கையை அசைத்தது. ஐந்து நாள் கண்டிப்பான ஓய்வில் இருந்தவர்கள், ஓரிரு நாள் ஓய்வுக்குப் பின் படிப்படியாக வழக்கத்துக்குத் திரும்பியவர்களைவிட அதிகமான அறிகுறிகளைச் சொன்னார்கள். 2019-இல் பஃபலோ பல்கலைக்கழகத்தின் ஜான் லெட்டி குழுவினர், அறிகுறி கூடாத அளவில் உடற்பயிற்சி செய்த பதின்வயதினர் 13 நாளிலும், தசை நீட்சிப் பயிற்சி மட்டும் செய்தவர்கள் 17 நாளிலும் தேறியதாகக் கண்டனர். ஆனால் முதல் இரண்டு நாள் விஷயமே வேறு. 2021-இல் வெளியான இன்னோர் ஆய்வில், முதல் 48 மணி நேரம் செல்போன் முதலிய திரைகளைத் தவிர்த்தவர்களுக்கு அறிகுறிகள் தீர்ந்த காலத்தின் இடைநிலை அளவு மூன்றரை நாள். தவிர்க்காதவர்களுக்கு எட்டு நாள்.

2022-இல் ஆம்ஸ்டர்டாமில் கூடிய வல்லுநர்கள் இதைச் செயலுக்கான அளவுகோலாக்கினார்கள். முதல் ஓரிரு நாள் மிதமான ஓய்வு. அதன்பின் ஒரு செயலால் தலைவலி போன்றவை பத்துக்கு இரண்டு புள்ளிக்கு மேல் கூடாமலும் ஒரு மணி நேரத்துக்குள் தணிந்தும் போனால், அதைத் தொடரலாம். உடற்பயிற்சிக்கும் படிப்புக்கும் சொன்ன இதே அளவுகோலை, மனிதர்களைச் சந்திப்பதற்கும் வைத்துக்கொள்வது நல்லது என்பது என் கருத்து. முதலில் ஒரே ஒருவர், கால் மணி நேரம், டி.வி.யை அணைத்துவிட்டுப் பேசட்டும். அது ஒத்துக்கொண்டால் மறுநாள் இருவர். வீடியோ அழைப்பைவிட, நண்பர் அனுப்பும் குரல்பதிவு எளிது. வேண்டும்போது கேட்கலாம், பாதியில் நிறுத்தலாம். மாலையில் துணையோடு ஒரு நடை, குறைந்த ஒலியில் பழைய பாட்டு, செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது, வாசலில் சிறு கோலம், ஓர் ஆட்டம் கேரம் என்று மெல்லக் கூட்டலாம். கல்யாணத்துக்குப் போயே ஆகவேண்டும் என்றால், கூட்டம் சேரும் முன் போய், மேளத்துக்கும் ஒலிபெருக்கிக்கும் தள்ளி உட்கார்ந்து, சாப்பிட்டதும் கிளம்பிவிடலாம். கிரிக்கெட், கால்பந்து, பைக் ஆகியவை மட்டும் மருத்துவர் அனுமதிக்கும் வரை கூடாது. முழுதாகத் தேறாத தலையில் மறுபடி அடிபடுவது மிகவும் ஆபத்தானது. மதுவும் வேண்டாம்.

கட்டு இல்லை, தையல் இல்லை என்பதால் “ஆள் நன்றாகத்தானே இருக்கிறான், நடிக்கிறானோ” என்ற பேச்சு சீக்கிரமே எழும். விளையாட்டையும் நண்பர்களையும் ஒரே நாளில் இழந்த இளைஞருக்கு இது இன்னொரு அடி. மூளையதிர்வுக்குப் பின் பதற்றமும் மனச்சோர்வும் எளிதில் தொற்றிக்கொள்கின்றன. அவையே தூக்கத்தைக் கெடுத்துத் தலைவலியை நீட்டிக்கின்றன. ஆகவே நண்பர்கள் “தேறியதும் வா” என்று விட்டுவிடாமல், அவரால் இயன்ற அளவுக்கேற்பச் சந்திப்பைச் சுருக்கிக்கொண்டு வர வேண்டும்.

தலைவலி கூடிக்கொண்டே போவது, திரும்பத் திரும்ப வாந்தி, வலிப்பு, குழறல், கைகால் பலவீனம் ஆகியவற்றில் எது தெரிந்தாலும் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். அப்படி எதுவும் இல்லாமல், நான்கு வாரத்துக்குப் பிறகும் கூட்டத்தில் கிறுகிறுப்பும் சத்தத்தில் தலைவலியும் தொடர்ந்தால் மீண்டும் மருத்துவரைப் பார்க்க வேண்டும். கழுத்துக்கும் உடற்சமநிலைக்கும் கண்ணசைவுக்கும் தனித்தனியே பிசியோதெரபி பயிற்சிகள் இருக்கின்றன.