சிந்திய கறுப்பு மை

"நடுக்குவாதத்தில் மூளைக்குள் அழற்சி இருக்கிறதாமே, அடிபட்ட கால் மாதிரி மூளையும் வீங்குமா?" என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். வீங்காது, வலிக்கவும் செய்யாது. சாம்பலுக்கடியில் கிடக்கும் கங்கு மாதிரி வருடக்கணக்கில் கனன்றுகொண்டிருக்கும்.

1817-இல் ஆங்கில மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன் விவரித்த நோய் இது; பார்க்கின்சன் நோய் என்பதும் இதைத்தான். நடுமூளையில், அசைவுக்கு வேண்டிய டோபமைன் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் செல்கள் மடிகின்றன, ஆல்பா-சைனூக்ளின் என்ற புரதம் திரள்கிறது, அசைவு தடுமாறுகிறது. இதுவரை பலருக்கும் தெரிந்ததுதான். அழற்சி எங்கிருந்து வருகிறது?

மைக்ரோக்ளியாவிடமிருந்து. மூளைக்கென்றே உள்ள காவல் செல் இது. எனக்கு ரொம்பப் பிடித்த செல்லும்கூட. வேலையில்லாத நேரத்தில் சும்மா கிடக்கும் என்றுதான் நினைத்திருந்தார்கள். 2005-இல் உயிருள்ள எலியின் மூளையில் பார்த்தால், உடம்பு அசையாமல் நிற்க, மெல்லிய கைகள் மட்டும் நீண்டும் சுருங்கியும் அக்கம்பக்கத்தைத் துழாவிக்கொண்டே இருந்தன! எங்காவது சேதம் என்றால் கைகளை உள்ளிழுத்துப் பருத்து, கழிவை விழுங்கத் தொடங்கும். கூடவே அழற்சிப் பொருள்களையும் கக்கும்.

சிக்கல் இங்கேதான். அந்த டோபமைன் செல்களுக்குள் நியூரோமெலனின் என்ற கருநிறமி உண்டு. ஆரோக்கியமான மூளையை வெட்டினால் அந்த இடம் கறுப்புப் பட்டையாகக் கண்ணுக்கே தெரியும். நோயாளியின் மூளையில் வெளுத்திருக்கும். செல் செத்ததும் நிறமி மையைப் போல வெளியே சிந்துகிறது. எளிதில் கரையாத அதை விழுங்கிய மைக்ரோக்ளியா இன்னும் சினந்து கக்க, பக்கத்துச் செல் நோகிறது. அதுவும் செத்தால் இன்னும் கொஞ்சம் மை.

1980-களில் கலிஃபோர்னியாவில் எம்பிடிபி என்ற நஞ்சு கலந்த போதைப்பொருளை ஏற்றிக்கொண்ட சிலருக்குத் திடீரென்று நடுக்குவாத அறிகுறிகள் வந்தன. அவர்களில் மூவர் இறந்தபின் மூளையைப் பார்த்தபோது, நஞ்சு போய்ப் பல வருடமாகியும் மைக்ரோக்ளியா அடங்கியிருக்கவில்லை. மருந்து ஆராய்ச்சிக்குக் கோடிகளைக் கொட்டுகிறவர்கள் மூளைக் கொடை வங்கிகளுக்கும் கொஞ்சம் ஒதுக்கலாம். இதையெல்லாம் சொன்னவை அப்படிக் கிடைத்த மூளைகள்தானே?

அப்படியானால் தினமும் ஒரு வலி மாத்திரை போட்டால் போதாதா? போதாது, வயிறும் சிறுநீரகமும்தான் கெடும். அதோடு, ஆல்பா-சைனூக்ளின் குப்பையை அள்ளுவதும் இதே மைக்ரோக்ளியாதான். மொத்தமாக அடக்கினால் துப்புரவும் நின்றுபோகும். அதனால் அழற்சியை முடுக்கிவிடும் என்எல்ஆர்பி3 என்ற ஒற்றை விசையை மட்டும் அணைக்கப் பார்க்கிறார்கள்.