பாயசத்தில் பப்படம் நொறுக்கலாம், அதில் பயமில்லை

நாகர்கோவில் பக்கத்துக் கல்யாணப் பந்தியில் போளியைப் பிய்த்து இலையில் போட்டு, அதன் தலையில் பால்பாயசத்தை ஊற்றிப் பிசைவார்கள். அடைப்பிரதமன் என்ற பாயசம் வந்தால் பழத்தையும் பப்படத்தையும் சேர்த்து ஒரே நொறுக்கு. வெளியூர்ச் சம்பந்தி வீட்டார் முதலில் முகம் சுளிப்பார்கள். இரண்டாம் தடவை பாயச வாளி வரும்போது பாருங்கள், அவர்கள் இலையிலும் பப்படம் நொறுங்கும்.

உணவு ஆலோசகராக என்னிடம் வருகிறவர்கள் அதிகம் கேட்பது கலோரிக் கணக்கை அல்ல. "மேடம், இதையும் அதையும் சேர்த்துச் சாப்பிட்டா விஷமாமே?" என்பதைத்தான். மாம்பழம் தின்று கோலா குடித்தவர் செத்தார், வாழைப்பழத்தோடு முட்டை தின்றவர் செத்தார் என்று வாட்ஸ்அப்பில் வருஷா வருஷம் யாராவது செத்துக்கொண்டே இருக்கிறார்கள். எனக்கோ பொருந்தாத ஜோடிகள் என்று ஊர் ஒதுக்குபவற்றின் மேல் தனிப் பிரியம். உப்புமாவுக்குச் சர்க்கரை, அடைக்கு வெல்லமும் வெண்ணெயும், தயிர்சாதத்துக்கு மாம்பழத் துண்டு, பம்ளிமாஸ் சுளைக்கு உப்பும் மிளகாய்ப்பொடியும். இவை ருசிப்பதற்குக் காரணம் உண்டு.

பம்ளிமாஸையே எடுத்துக்கொள்வோம். அதில் இனிப்பு இருக்கிறது, ஆனால் கசப்பு அதை அமுக்கி வைத்திருக்கிறது. உப்பிலுள்ள சோடியம் நாக்கில் கசப்பின் வேகத்தைக் குறைக்கும். அமுங்கிக் கிடந்த இனிப்பு மேலே வரும். ப்ரெஸ்லினும் போசாம்பும் செய்து 1997-ல் நேச்சர் இதழில் வெளியிட்ட ஆய்வு இதைக் காட்டியது. உப்பு தொட்டால் பழம் கூடுதலாக இனிப்பது வெறும் பிரமை இல்லை. பால் சேர்க்காத காப்பியில் ஒரு சிட்டிகை உப்புப் போட்டாலும் இதே வேலைதான் நடக்கும். சர்க்கரையை விட முடியாமல் தவிப்பவர்களிடம் இதைச் சொல்வேன். ஒரு சிட்டிகை என்றால் ஒரு சிட்டிகைதான்.

இன்னொரு சுவாரசியமான விஷயம். ஒரே மாதிரி மணப்பொருள்கள் கொண்ட உணவுகள்தான் ஒன்றுக்கொன்று பொருந்தும் என்று மேற்கத்திய சமையல்காரர்கள் சிலர் நம்பினார்கள். இந்தியச் சமையல் குறிப்புகள் 2,500-க்கும் மேற்பட்டவற்றை அலசி, கணேஷ் பாக்லர் குழுவினர் 2015-ல் வெளியிட்ட ஆய்வு நேர் எதிராகச் சொன்னது. நம் சமையலில் மணப்பொருள்கள் ஒத்துப்போகாத பொருள்களே அதிகம் சேர்கின்றன. அதில் பெரும் பங்கு மசாலாப் பொருள்களுக்கு. வெல்லமும் புளியும் மிளகாயும் காயமும் ஒரே சட்டியில் கொதிக்கும் புளியிஞ்சியைத் தொட்டு நாக்கில் வைப்பவருக்கு இது புதுச் செய்தியாக இருக்காது.

சரி, இதில் எச்சரிக்கை எங்கே வருகிறது?

பாயசம் மட்டும் குடித்தால் ஒரு தம்ளரில் திகட்டிவிடும். நடுவே உப்பாக, மொறுமொறுப்பாக ஒன்று வந்தால் திகட்டல் தள்ளிப்போகும், கை மறுபடி நீளும். ஒரே ருசியில் சீக்கிரம் நிறையும் வயிறு, ருசி மாறினால் மறுபடி இடம் கொடுப்பதை பார்பரா ரோல்ஸும் உடன் ஆய்வாளர்களும் 1981-லேயே எழுதியிருக்கிறார்கள். ஆக, நல்ல ஜோடியின் ஆபத்து அது நன்றாக இருப்பதுதான். சர்க்கரை நோயாளிகளிடம் பப்படத்தையும் பாயசத்தையும் சேர்க்காதீர்கள் என்று நான் சொல்வதில்லை. பாயசத்தை முதலிலேயே சின்னக் கிண்ணத்தில் அளந்து வாங்கிக்கொள்ளுங்கள், வாளியின் பக்கம் திரும்பாதீர்கள் என்றுதான் சொல்கிறேன்.

இரத்த அழுத்தம் உள்ளவர்கள் பப்படத்தைத் தனியாகக் கவனிக்க வேண்டும். "உப்பைச் சுத்தமா குறைச்சிட்டேன் மேடம், சோத்துக்குப் பப்படம் மட்டும்தான்" என்பார்கள். பப்படத்தில் உப்பு மட்டுமா இருக்கிறது? அதைப் பொரிய வைக்கிற பப்படக்காரமும் சோடியம்தான். உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்குச் சொல்வது 5 கிராமுக்கும் குறைவான உப்பு, ஏறக்குறைய ஒரு தேக்கரண்டி. சாம்பார், ஊறுகாய், பப்படம், சாயங்காலம் உப்பு-மிளகாய் தடவிய மாங்காய்க் கீற்று எல்லாம் அந்த ஒரு தேக்கரண்டிக்குள் அடங்க வேண்டும். அடங்காது.

இனி மீனும் தயிரும். எங்கள் மாவட்டத்தில் மீன் இல்லாத மதியச் சாப்பாடு குறைவு, ஆகவே இந்தப் பயமும் அதிகம். சேர்த்துத் தின்றால் வெண்புள்ளி வரும் என்பார்கள். வெண்புள்ளி, தோலுக்கு நிறம் தரும் செல்களை உடலின் எதிர்ப்பு சக்தியே தாக்கி அழிப்பதால் வருவது. மீனும் தயிரும் அதைக் கொண்டுவருவதில்லை. வங்காளத்தில் தயிரிலேயே மீன் குழம்பு வைக்கிறார்கள், தோய் மாச் என்று பெயர். பின்லாந்தில் சால்மன் மீன் சூப்பில் பாலேடு ஊற்றுகிறார்கள்.

ஆனால் "மீனும் மோரும் சாப்பிட்டேன், அரை மணியில முகமெல்லாம் செவந்து தடிச்சுப் போச்சு" என்று வருகிறவர் பொய் சொல்லவில்லை. என்ன மீன், எப்போது வாங்கினீர்கள் என்று கேட்டால் பெரும்பாலும் சூரை, அயிலை (கானாங்கெளுத்தி), சாளை (மத்தி) என்றே பதில் வரும். காலையில் வாங்கி மதியம் வரை கூடையில் ஐஸ் இல்லாமல் கிடந்திருக்கும். இந்த மீன்களின் சதையில் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலம் அதிகம். வெயிலில் கிடந்தால் பாக்டீரியா அதை ஹிஸ்டமினாக மாற்றிவிடும். அதன் பிறகு எவ்வளவு கொதிக்க வைத்தாலும் ஹிஸ்டமின் அழியாது. முகம் சிவப்பது, தடிப்பு, தலைவலி, படபடப்பு எல்லாம் அதன் வேலை. பெரும்பாலும் ஒரு நாளுக்குள் அடங்கிவிடும். மூச்சுத் திணறினாலோ உதடு, நாக்கு வீங்கினாலோ காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும். மோரின் மேல் பழியைப் போட்டால், அடுத்த வாரமும் அதே கூடை மீன்தான் வீட்டுக்கு வரும். மீனுக்கே ஒவ்வாமை உள்ளவர்களும் உண்டு. திரும்பத் திரும்ப இப்படி வந்தால் அதையும் மருத்துவரிடம் பார்த்துக்கொள்ள வேண்டும்.

நான் உண்மையிலேயே பயப்படும் சேர்க்கைகள் இலையில் இல்லை, மாத்திரை டப்பாவில் இருக்கின்றன. 1980-களின் கடைசியில் கனடாவில் டேவிட் பெய்லி குழுவினர், பெலோடிபின் என்ற இரத்த அழுத்த மாத்திரையோடு மது சேர்ந்தால் என்ன ஆகும் என்று பார்த்தார்கள். மதுவின் ருசி தெரியாமல் இருக்கக் கிரேப்ஃபுரூட் சாற்றில் கலந்து கொடுத்தார்கள். இரத்தத்தில் மருந்தின் அளவு எதிர்பாராத விதமாக எகிறியது. காரணம் மது இல்லை, ருசிக்கு ஊற்றிய பழச்சாறு. குடலில் மருந்தைச் சிதைக்கும் நொதியை அந்தச் சாறு முடக்கிவிடுகிறது. கொழுப்பைக் குறைக்கும் சிம்வாஸ்டாட்டின், அடோர்வாஸ்டாட்டின் மாத்திரைகளுக்கும் இது பொருந்தும். கிரேப்ஃபுரூட், பம்ளிமாஸும் ஆரஞ்சும் கலந்து பிறந்த பழம். பம்ளிமாஸிலும் அதே வகைப் பொருள்கள் உண்டு. நான் மேலே புகழ்ந்த உப்பு-மிளகாய் பம்ளிமாஸை இந்த மாத்திரைகள் எடுப்பவர்கள் மருத்துவரிடம் கேட்காமல் தொட வேண்டாம்.

மற்றவை தினமும் நடப்பவை. தைராய்டு மாத்திரையை விழுங்கிய கையோடு காப்பி குடித்தால் மருந்து சரியாக ஏறாது. அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் பொறுங்கள். கால்சியம், இரும்பு மாத்திரைகளுக்கும் தைராய்டு மாத்திரைக்கும் நடுவே நான்கு மணி நேரம் வேண்டும். இரும்பு மாத்திரையை டீயோடு எடுக்காதீர்கள். முருங்கைக்கீரைப் பொரியலை அடுப்பிலிருந்து இறக்கிய பிறகு எலுமிச்சை பிழிந்தாலும், பட்டாணிச் சுண்டலில் மாங்காயைத் துருவிப் போட்டாலும் அதிலுள்ள இரும்பு கூடுதலாக உடலில் சேரும். உணவுப் பட்டியல் கேட்டு வருகிறவர்கள் மாத்திரை டப்பாவையும் கையோடு கொண்டுவாருங்கள். நாட்டு மருந்து, கடையில் வாங்கிய சத்துப் பொடி என்று எது இருந்தாலும் அதையும் சேர்த்து.