மட்டன்: ஒரு சொல், இரண்டு ஆடு, கொஞ்சம் சோயா

மட்டன் என்றால் ஆட்டின் இறைச்சி. அகராதியில் தேடினால் இவ்வளவுதான் கிடைக்கும். எந்த ஆடு என்று கேட்கும்போதுதான் சிக்கல் தொடங்கும்.

மலேசியாவில் நம் ஊரான சுங்கை சிப்புட் சந்தையில் போய், "அண்ணே, மட்டன் இருக்கா?" என்று கேட்டுப் பாருங்கள். "இருக்கு" என்று பதில் வராது. "லோக்கலா, ஆஸ்திரேலியாவாம்மா?" என்று கேள்விதான் திரும்பி வரும். லோக்கல் என்றால் இந்தப் பக்கத்தில் வளர்ந்த வெள்ளாடு. ஆஸ்திரேலியா என்றால் உறைய வைத்துக் கப்பலில் வந்த செம்மறி. மலேசியாவில் சாப்பிடும் ஆட்டிறைச்சியில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான் உள்நாட்டில் கிடைக்கிறது என்பதால், இரண்டாவது பதிலுக்குத்தான் ஆள் அதிகம். விலை வேறு, வேகும் நேரம் வேறு, விலங்கே வேறு. பெயர் மட்டும் ஒன்று.

பார்த்தே கண்டுபிடிக்கலாம். பையில் உள்ள துண்டுகளில் எலும்பு ரம்பத்தால் அறுத்ததுபோல நேராக, வழுவழுப்பாக இருந்தால் அது உறைந்த செம்மறி. மரக்கட்டையில் வைத்துக் கத்தியால் போட்ட வெள்ளாட்டில் எலும்பு சில்லு சில்லாக உடைந்திருக்கும். சோற்றில் பார்த்துத்தான் சாப்பிட வேண்டும். செம்மறியில் தோலுக்கு அடியிலேயே கொழுப்பு படர்ந்திருக்கும். குழம்பு ஆறியதும் அது மேலண்ணத்தில் போய் ஒட்டிக்கொள்ளும். வெள்ளாட்டில் அந்தக் கொழுப்பு குறைவு.

சரி, சொல் எங்கிருந்து வந்தது? ஆங்கிலத்துக்கு இதைக் கொடுத்தது பழைய பிரெஞ்சு. இன்றைய பிரெஞ்சிலும் 'மூத்தோன்' என்றால் செம்மறிதான். புல்வெளியில் மேய்வதற்கும் தட்டில் கிடப்பதற்கும் அங்கே ஒரே பெயர். அதற்கு முன்னால் இடைக்கால இலத்தீன். அதற்கும் அடியில் ஒரு கெல்திய வேர் இருந்திருக்க வேண்டும் என்பது சொற்பிறப்பு ஆய்வாளர்கள் கருத்து. பழைய ஐரிஷ் மொழியில் 'மொல்ட்' என்றால் காயடித்த செம்மறிக் கிடா. ஆக, நம் தீபாவளிக் குழம்பில் மிதக்கும் சொல் பிறப்பால் ஐரோப்பியக் கிடா, அதுவும் காயடித்தது.

1066-இல் பிரான்சிலிருந்து வந்த நார்மானியர்கள் இங்கிலாந்தைப் பிடித்த கதையை இங்கே எல்லாரும் சொல்வார்கள். ஆட்டை மேய்த்த ஏழை அதை 'ஷீப்' என்றான், அதைச் சாப்பிட்ட பிரெஞ்சுப் பிரபு 'மட்டன்' என்றான், அதனால் விலங்குக்கு ஒரு பெயர், இறைச்சிக்கு ஒரு பெயர் என்று. கதை அழகாக இருக்கிறது, ஆனால் அவ்வளவு சுத்தமாக நடக்கவில்லை. அதற்குப் பிறகும் பல நூற்றாண்டுகள் ஆங்கிலத்தில் உயிருள்ள ஆட்டையும் மட்டன் என்று சொன்னார்கள். பெயர் இரண்டாகப் பிரிந்து இறுகியது பின்னால்தான். எப்படி இறுகினாலும் பலன் ஒன்று: ஆங்கிலத்தில் ஒருவர் வாழ்நாள் முழுக்க ஆட்டின் பெயரை வாயில் எடுக்காமலே ஆட்டைச் சாப்பிடலாம். இந்தியாவுக்கு வந்ததும் அந்தச் சொல் வெள்ளாட்டுக்கும் மாறிக்கொண்டது. அங்கே சந்தையில் அதுதானே அதிகம்.

தமிழில் இந்தத் திரை கிடையாது. ஆட்டுக்கறி, கோழிக்கறி, மாட்டுக்கறி, பன்றிக்கறி, உடும்புக்கறி. முன்னால் விலங்கு நிற்கும், பின்னால் கறி வரும். வெங்காயம் அரிந்துகொண்டே பேசினாலும் விலங்கைச் சொல்லாமல் தப்ப முடியாது.

ஆட்டைப் பற்றி மட்டும் தமிழில் எவ்வளவு சொல் இருக்கிறது என்று பாருங்கள். தொல்காப்பியத்தின் மரபியல் ஆட்டுக்குட்டிக்கு 'மறி' என்று பெயர் சொல்கிறது. ஆண் ஆட்டுக்கு மட்டும் மோத்தை, தகர், உதள், அப்பர் என்று நான்கு பெயர்! சங்கப் பாடல்களில் செம்மறிக்குத் துருவை, வெள்ளாட்டுக்கு வெள்ளை, மலை ஆட்டுக்கு வருடை. இத்தனையையும் வைத்துக்கொண்டு நாம் மட்டன் என்கிறோம். மலாய்க்காரர்களும் நம்மைப்போலத்தான். அவர்களிடம் வெள்ளாட்டுக்கு 'கம்பிங்', செம்மறிக்கு 'பெபிரி' என்று தனித்தனிச் சொல் உண்டு. கடைப்பலகையில் இரண்டும் கம்பிங் ஆகிவிடும்.

இறைச்சிக்கும் தமிழில் பஞ்சமில்லை. ஊன், புலால், புலவு, தடி, விடக்கு. புலவு என்பது முதலில் நாற்றத்தைச் சொல்லும் சொல். மீன் நாற்றத்துக்கும் அதுதான். 'இறைச்சி' இன்னும் வேடிக்கை: தொல்காப்பியத்தில் அகப்பாட்டுக்குள் மறைந்து நிற்கும் குறிப்புப் பொருளுக்கும் அதுவே பெயர்.

'கறி'யைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். சங்க காலத்தில் கறி என்றால் மிளகு. யவனர் கப்பல் பொன்னோடு வந்து கறியோடு திரும்பியதாக அகநானூற்றின் 149-ஆம் பாட்டு சொல்வது மிளகைத்தான். புறநானூற்றின் 14-ஆம் பாட்டில் கபிலர், சேரன் செல்வக் கடுங்கோவிடம், 'ஊன்துவை கறிசோறு' உண்டு வருந்துவதைத் தவிர வேறு தொழில் தெரியாததால்தான் என் கை இவ்வளவு மென்மை என்கிறார். அங்கே ஊன் தனி, கறி தனி. (மட்டன் பை தூக்கும் நம் கையும் கபிலர் கை மாதிரிதான், சாப்பாட்டு வேலை மட்டும் தெரியும்.) மிளகிலிருந்து மிளகு போட்ட தொடுகறிக்கும், அதிலிருந்து இறைச்சிக்கும் சொல் நகர்ந்தது. ஈழத்தில் மரக்கறி என்று காய்கறிக்கும் நின்றது. மலாயில் 'காரி' என்றால் குழம்பு, எதன் குழம்பாக இருந்தாலும் சரி. அதனால் மலேசியத் தமிழர் வீட்டில் 'கறி' என்ற சொல்லை மட்டும் நம்பி இறைச்சி வாங்கப் போக முடியாது. தோட்டத்துப் பெரியவர்கள் 'ஆட்டெறச்சி' என்று எறச்சியைச் சேர்த்துச் சொல்வது இதற்கு நல்ல தீர்வு.

இப்போது விஷயத்தின் நடுவுக்கு வருவோம். எந்த விலங்கு சாப்பாடு, எது சாப்பாடு இல்லை என்பதை நீதி நூலைவிட இறைச்சிக்கடைப் பேச்சு தெளிவாகக் காட்டிவிடும். தமிழ்நாட்டுக் கிராமத்தில் வெறுமனே 'கறி எடுக்கப் போறேன்' என்றால் ஆடு. நம் சந்தையில் மலாய்க்காரர் வெறுமனே 'டாகிங்' என்றால் மாடு. அந்தச் சொல்லுக்கு நேர்ப்பொருள் சதை என்பது மட்டுமே. சீனர் காண்டோனிஸில் வெறுமனே 'யுக்' என்றால் பன்றி. மூன்று பேரும் 'இறைச்சி கொடு' என்கிறார்கள், மூன்று வேறு விலங்கு வருகிறது. பெயர் சொல்ல வேண்டாத விலங்கு எதுவோ அதைச் சாப்பிடுவதில் அந்த வீட்டில் கேள்வியே இல்லை. தனியாகப் பெயர் சொல்லிக் கேட்க வேண்டியதில்தான் கூச்சமோ தடையோ விவாதமோ இருக்கும். மாடு சாப்பிடும் தமிழர் இங்கே உண்டு. கூட்டத்தில் 'மாட்டுக்கறி' என்று சொல்ல மாட்டார்கள், 'பீஃப்' என்பார்கள். மட்டன் செய்யும் வேலையை அங்கே பீஃப் செய்கிறது.

பழக்கம்தான் இதில் முக்கால்வாசி. பெரும்பாணாற்றுப்படையில் வேட்டுவர்களான எயினர் வீட்டுக்குப் போகும் பாணனுக்கு நாய் பிடித்து வந்த உடும்பின் பொரியல் கிடைக்கும். அது விருந்து. இன்றைக்குச் செம்பனைத் தோட்டத்தில் உடும்பைக் கண்டால் சிலருக்கு நாக்கு ஊறும், சிலருக்குக் குமட்டும், சட்டத்துக்கோ உரிமம் வேண்டும்: 2010-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி உரிமம் இல்லாமல் அதைத் தொடக்கூடாது. எறும்புதின்னி முழுப் பாதுகாப்புப் பட்டியலில் இருக்கிறது. இதெல்லாம் ஒரு பக்கம் இருக்க, நம் ஊர்ப் பெயரில் உள்ள 'சிப்புட்' நத்தைதான். தேங்காய்ப்பாலில் போட்டுச் சமைத்தால் மலாய்க்காரர் உறிஞ்சிச் சாப்பிடுவார்கள். நத்தைக்கறி என்று யாராவது தமிழில் பலகை வைத்தால் என்ன வியாபாரம் ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

மட்டனின் கதையில் கடைசித் திருப்பம் புரட்டாசி மாதத்தில் வரும். கடை உறைபெட்டியில் 'வெஜிடேரியன் மட்டன்' அடுக்கியிருப்பார்கள். சோயா, கோதுமைப் பசை, காளான் தண்டு எல்லாம் சேர்த்துச் சீன பௌத்தர்களின் சமையல் முறையில் செய்தது. நார் நாராகப் பிரியும். மசாலாவில் பிரட்டினால் அசல் மாதிரியே இருக்கும். விரத வீடுகளில் நன்றாக ஓடுகிறது. 'சைவ மட்டன்' என்று சொல்லும்போது நாக்கு எங்கும் தடுக்கவில்லை. 'சைவ ஆட்டெறச்சி' என்று சொல்லிப் பாருங்கள், சிரிப்பு வரும். 'சைவ ஆடு' என்றால் அது சாதாரண ஆடுதான். ஆடு எப்போது அசைவம் சாப்பிட்டது? ஆக மட்டன் இன்றைய தமிழில் விலங்கின் பெயரே அல்ல, ஒரு ருசியின் பெயர். விலங்கு முழுதாகக் கழன்றுவிட்ட பிறகும் சொல் கவலையில்லாமல் ஓடுகிறது. அந்தச் சொல்லை வைத்துக்கொண்டு ஆட்டைச் சாப்பிடலாமா என்று வாதம் செய்ய முடியாது. ஆட்டுக்கறி என்ற சொல்லை வைத்துக்கொண்டு செய்யலாம்.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். மட்டன் குழம்பு, மட்டன் வறுவல், மட்டன் பிரட்டல் என்பார்கள். தலை என்று வந்தால் 'ஆட்டுத்தலை', கால் என்றால் 'ஆட்டுக்கால்', குடலும் அப்படியே. விலங்கின் உருவம் கண்ணுக்குத் தெரியும் இடத்தில் ஆங்கிலச் சொல் ஒதுங்கிக்கொள்கிறது.

அதற்காகத் தமிழ் எல்லாவற்றையும் பச்சையாகச் சொல்லும் மொழி என்று நெஞ்சை நிமிர்த்த வேண்டாம். பெயர்ச்சொல்லில் இல்லாத திரையை நாம் வினைச்சொல்லில் போட்டுக்கொள்கிறோம். தோட்டத்து முனியாண்டி கோயிலில் 'கிடா வெட்டு'. முஸ்லிம் கடையில் 'அறுப்பு'. தீபாவளிக்கு நாலைந்து குடும்பம் சேர்ந்து 'ஆடு அடிச்சு' கூறு போட்டுக்கொள்ளும். ஆட்டைக் கொன்றோம் என்று யாரும் சொல்வதில்லை. வெட்டுவது மரத்தையும்தான், அறுப்பது கதிரையும்தான், அடிப்பது பந்தையும்தான். திருவள்ளுவர் மட்டும் இந்த விஷயத்தில் விடாப்பிடி. புலால் மறுத்தலில் "தினற்பொருட்டால் கொல்லாது உலகெனின் யாரும் விலைப்பொருட்டால் ஊன்றருவார் இல்" என்று 'கொல்' என்ற சொல்லையே போடுகிறார். தின்பதற்காக உலகம் கொல்லாவிட்டால், காசுக்கு இறைச்சி விற்பவனும் இருக்க மாட்டான். நான் வாங்கத்தான் செய்தேன், கொன்றது வேறொருவர் என்று சொல்லும் ஆளுக்கான பதில் அது. உறைந்த பை வாங்குபவருக்கு இன்னும் பொருந்தும். அவர் ஆட்டையும் பார்க்கவில்லை, கத்தியையும் பார்க்கவில்லை. அடுத்த குறளில் புலாலை இன்னோர் உயிரின் 'புண்' என்கிறார். அதற்கு மேல் வெளிப்படையாக ஒரு சொல் கிடைக்காது.

மாட்டைத் தொட மாட்டோம் என்கிற வீடுகளிலும் ஒரு வினைச்சொல் இருக்கிறது: 'வித்தாச்சு'. தோட்டத் தொழிலாளர் லயத்துக்குப் பின்னால் கொட்டகை போட்டுப் பால்மாடு வளர்த்தவர்கள் இந்த வட்டாரத்தில் நிறைய. பெண் கன்று பிறந்தால் வைத்துக்கொள்வார்கள். காளைக்கன்று பால் தராது, உழவும் இங்கே இல்லை. கொஞ்சம் வளர்ந்ததும் வியாபாரி வருவார், ஹரி ராயா ஹாஜி (ஹஜ்ஜுப் பெருநாள்) நெருங்கினால் விலை ஏறும். எதற்கு விற்றோம் என்று யாரும் கேட்பதில்லை, யாரும் சொல்வதுமில்லை. பாலும் தயிரும் மட்டும் சைவமாகவே இருக்கின்றன.

எந்தச் சொல்லைப் பயன்படுத்துவது என்று கேட்டால் என் கணக்கு இது. விலைப்பலகையிலும் பையிலும் 'வெள்ளாட்டிறைச்சி', 'செம்மறியிறைச்சி' என்று பிரித்து எழுத வேண்டும். வாங்குபவருக்கு எது என்று தெரிய வேண்டும், காசு அவருடையது. பொதுவாகச் சொல்ல 'ஆட்டிறைச்சி' போதும். பேச்சில் ஆட்டுக்கறியோ ஆட்டெறச்சியோ எது வருமோ அது. 'லேம்ப்' என்பது ஒரு வயதுக்கு உட்பட்ட செம்மறி. அதற்கு 'மறியிறைச்சி' என்று எழுதினால் தொல்காப்பியருக்குப் புரியும், கடைக்காரருக்குப் புரியாது, 'செம்மறிக் குட்டி இறைச்சி' என்று நீட்டி எழுதுவதே மேல். சோயாவில் செய்ததை 'சோயாக் கறி' என்றாலே போதும். வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில் மட்டும், பின்னால் வரிசை நிற்கும்போது, மட்டன் என்றே கேட்டுவிடுங்கள், அங்கே போய் "வெள்ளாடா, செம்மறியா, தம்பி?" என்று விசாரித்தால் சோறு ஆறிவிடும்.