‘எல்லாம் பாஸ்’ என்ற தாளில் என்ன இருக்கிறது? கட்டுமானப் பொருள் சான்றும் சோதனையும்

கோலாலம்பூரில் தனி வீடு கட்டுபவர், கடைவீட்டைப் பெரிதாக்குபவர், கோயில் மண்டபத் திருப்பணிக் கமிட்டியில் இருப்பவர் என யாராக இருந்தாலும், வேலையின் நடுவில் குத்தகையாளர் ஒரு கட்டுத் தாளைக் கொண்டுவந்து நீட்டுவார். மேலே கட்டுமானத் தொழில் மேம்பாட்டு வாரியமான சிஐடிபியின் சின்னம் இருக்கும், உள்ளே ஆய்வுக்கூட முத்திரை இருக்கும். எல்லாம் பாஸ் என்பார். பணம் கொடுப்பதற்கு முன், எந்தத் தாள் எதற்குப் பொறுப்பு என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

முதல் தாள் பி.பி.எஸ்., அதாவது பெராகுவான் பெமாத்துஹான் ஸ்டாண்டர்ட், பொருள் தரத்துக்கு இணங்குகிறது என்ற சான்று. இதைக் கொடுப்பது சிஐடிபி. 1994ஆம் ஆண்டுச் சட்டம் 520இன் நான்காவது அட்டவணையில் சிமெண்டு, இரும்புக் கம்பி, ரெடிமிக்ஸ் கான்கிரீட், தரை ஓடு, கழிப்பறைச் சாமான், கண்ணாடி போன்றவை உள்ளன. இவற்றைச் சான்றில்லாமல் கையாள்வது குற்றம். அபராதம் குறைந்தது 10,000 ரிங்கிட், கூடியது 500,000 ரிங்கிட். சான்றில் தொழிற்சாலையின் பெயர், பொருள், அளவு, தர எண், காலாவதித் தேதி ஆகிய ஐந்தையும் பார்க்க வேண்டும். சிக்கல் பெரும்பாலும் அளவில்தான் வரும். சான்று ஒரு தொழிற்சாலையின் குறிப்பிட்ட அளவுகளுக்கு இருக்கும், சைட்டில் இறங்கியிருப்பது வேறு அளவாகவோ வேறு முத்திரையாகவோ இருக்கும்.

அந்தப் பொருளை அந்தத் தொழிற்சாலையால் தரமாகச் செய்ய முடியும் என்பதற்கு மேல் இந்தச் சான்று எதுவும் சொல்வதில்லை. உங்கள் தூணுக்குள் போன கான்கிரீட்டைப் பற்றி அதில் ஒரு வரி கூடக் கிடையாது. சைட்டிலேயே மண்வெட்டியால் கலக்கும் கலவைக்கோ இப்படி ஒரு சான்றே இல்லை. அங்கே சான்று பெற்றது சிமெண்டு மூட்டை மட்டும்தான்.

இரும்புக் கம்பிக்கு உரிய தர எண் எம்.எஸ்.146. பி500பி வகை என்றால் இளகு வலிமை, அதாவது கம்பி நிரந்தரமாக நீளத் தொடங்கும் அளவு, சதுர மில்லிமீட்டருக்கு 500 நியூட்டன், உச்ச வலிமை அதில் குறைந்தது 1.08 மடங்கு, உச்ச விசையில் நீட்சி குறைந்தது 5 விழுக்காடு. இதை ஆய்வுக்கூடத்தில் இழுத்துத்தான் பார்க்க முடியும். ஆனால் கம்பி மெலிந்திருக்கிறதா என்று நீங்களே பார்க்கலாம். விட்டத்தை விட்டத்தால் பெருக்கி 162ஆல் வகுத்தால் ஒரு மீட்டரின் எடை கிலோவில் வரும். 12 மி.மீ. கம்பிக்கு 0.888 கிலோ, 10 மி.மீ. கம்பிக்கு 0.617 கிலோ. 8 மி.மீ.க்கு மேற்பட்ட கம்பியில் 4.5 விழுக்காடு வரை குறையலாம். ஆகவே ஒரு மீட்டர் 12 மி.மீ. கம்பி 0.848 கிலோவுக்குக் கீழே போகக் கூடாது. 11.5 மி.மீ. கம்பியை 12 என்று கொண்டுவந்தால் தராசு 0.816 காட்டும், கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. ஒரு துண்டை ஒரு மீட்டருக்குத் துல்லியமாக வெட்டி, துரு சுரண்டி, சமையலறைத் தராசில் வைத்தாலே போதும்.

கான்கிரீட்டில்தான் கவனம் அதிகம் வேண்டும். ரெடிமிக்ஸ் லோரி வந்ததும் டோக்கெட்டில், அதாவது லோரியுடன் வரும் விநியோகச் சீட்டில், கலந்த நேரத்தைப் பாருங்கள். நம் ஊர் நெரிசலில், வழக்கமான 2 மணி நேர வரம்பு பாதி வழியிலேயே கரைந்துவிடும். கலவை இறுகிவிட்டதென்று டிரைவர் தண்ணீர்க் குழாயைத் திறப்பார். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு கன மீட்டரில் சிமெண்டு 300 கிலோ, தண்ணீர் 165 லிட்டர் என்றால் சிமெண்டுக்குத் தண்ணீரின் விகிதம் 0.55. இது கூடினால் வலிமை குறையும். அதில் 10 லிட்டர் கூடினால் 0.58. ஆறு கன மீட்டர் லோரிக்கு அது வெறும் 60 லிட்டர், அதாவது மூன்று பெயிண்ட் வாளி. கியூப், அதாவது உடைத்துப் பார்க்க அச்சில் வார்க்கும் கான்கிரீட் கட்டி, தோற்கப் பல தடவை இதுவே காரணம். வலிமை இறங்கியது அப்போது யாருக்கும் தெரியாது, 28ஆம் நாள் கியூபை உடைக்கும்போதுதான் தெரியும்.

ஆகவே முதலில் ஸ்லம்ப் சோதனை, அதாவது கூம்பை எடுத்ததும் கலவை எவ்வளவு சரிகிறது என்று பார்ப்பது. 300 மி.மீ. உயரக் கூம்பில் மூன்று அடுக்காக, அடுக்குக்கு 25 குத்து. டோக்கெட்டில் எழுதிய எல்லையைத் தாண்டிச் சரிந்தால் அந்த லோரியைத் திருப்பி அனுப்ப உங்களுக்கு உரிமை உண்டு. கியூபுக்கு மாதிரி எடுப்பது லோரி பாதி கொட்டும்போது. முதலில் விழுவதையும் கடைசியில் சொட்டுவதையும் எடுக்கக் கூடாது. 150 மி.மீ. அச்சில் மூன்று அடுக்கு, அடுக்குக்குக் குறைந்தது 35 குத்து. ஈரச் சாக்கால் மூடி, மறுநாள் வரை அசைக்காமல் நிழலில் வைக்க வேண்டும். அன்றே மோட்டார் சைக்கிளில் கட்டி அனுப்பிய கியூபின் முடிவை நம்ப வேண்டாம். அச்சிலிருந்து எடுத்ததும் தேதி, இடம், தரம் எழுதித் தண்ணீரில் போட வேண்டும். இதைக் குத்தகையாளரின் ஆளிடம் மட்டும் விட்டால், ‘ஸ்பெஷல்’ கலவையில் செய்த கியூப் போகும் ஆபத்து உண்டு. எல்லா முடிவும் அச்சடித்தாற்போல் ஒரே எண்ணாக வந்தால் சந்தேகப்படலாம்.

இரண்டாவது தாள் ஆய்வறிக்கை. ஆய்வுக்கூடத்துக்கு மலேசிய ஆய்வுக்கூட அங்கீகாரத் திட்டமான சாமின் (SAMM) அங்கீகாரம் இருக்க வேண்டும். இது ஐ.எஸ்.ஓ. 17025 தரத்தின்படி ஸ்டாண்டர்ட்ஸ் மலேசியா கொடுப்பது. ஒரு கூடத்துக்கு அங்கீகாரம் இருந்தாலும் எல்லாச் சோதனைக்கும் இருக்காது. கான்கிரீட் அமுக்கத்துக்கு இருக்கும், கம்பி இழுவைக்கு இருக்காது. அங்கீகாரப் பட்டியலில் சோதனையின் பெயரையே தேடிப் பார்க்க வேண்டும். அறிக்கையில் கியூபின் எடையும் உடைந்த விதமும் இருக்கும். நான்கு பக்கமும் ஒரே மாதிரி சிதைந்து நடுவில் இடுப்பு போல ஒடுங்கியிருந்தால் ஒழுங்காக உடைந்திருக்கிறது. ஒரு பக்கம் மட்டும் பிளந்திருந்தால் கியூப் கோணலாக வைக்கப்பட்டிருக்கலாம், அல்லது இயந்திரத்திலேயே கோளாறு இருக்கலாம்.

எண்ணைப் படிக்கும் முறைக்கு வருவோம். கான்கிரீட் தரம் சி25/30 என்றால் வலிமை சிலிண்டர் மாதிரிக்கு 25, கியூபுக்கு 30 (சதுர மில்லிமீட்டருக்கு நியூட்டன்). 150 மி.மீ. கியூபில் 30 என்பது 675 கிலோநியூட்டன் சுமை. ஒரே மாதிரியில் செய்த இரண்டு கியூபின் சராசரிதான் ஒரு முடிவு. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் சராசரியில் 15 விழுக்காட்டைத் தாண்டினால், காரணம் தெரியாதவரை அந்த முடிவைத் தள்ள வேண்டும். 36, 30 என்று வந்தால் அது 18 விழுக்காடு. ஐரோப்பிய நெறியான இ.என்.206இன்படி சி25/30க்கு எந்த முடிவும் 26க்குக் கீழே போகக் கூடாது. இரண்டு முதல் நான்கு முடிவுகளின் சராசரி குறைந்தது 31, ஐந்து அல்லது ஆறு முடிவுகள் என்றால் குறைந்தது 32 இருக்க வேண்டும். ஆகவே 34, 31, 27 என்ற மூன்று எண்ணும் தனித்தனியாகத் தேறும், சராசரி 30.7 ஆனதால் சேர்ந்து தோற்கும். ‘ஒன்றும் 26க்குக் கீழே இல்லையே’ என்று வாதிடுபவருக்கு இதைக் காட்டலாம். ஒப்பந்தத்தில் வேறு நெறி எழுதியிருந்தால் அதுவே செல்லும். 7ஆம் நாள் முடிவு எச்சரிக்கைக்கு மட்டும். சாம்பலோ கசடோ கலந்த சிமெண்டு மெதுவாகத்தான் ஏறும்.

தோற்றுவிட்டால் உடனே இடிக்கச் சொல்ல வேண்டியதில்லை. முதலில் கியூபைக் கையாண்ட விதத்தைப் பொறியாளர் விசாரிக்க வேண்டும். பிறகு அந்த இடத்திலேயே கோர், அதாவது துளைத்து எடுக்கும் உருளை வடிவக் கான்கிரீட் மாதிரி, எடுப்பார்கள். உள்ளே கம்பி எங்கே போகிறது என்று கண்டறியும் கருவியால் பார்த்துவிட்டு, வழக்கமாக 100 மி.மீ. விட்டத்தில் துளைப்பார்கள். கோரின் வலிமை இலக்கில் 85 விழுக்காடு வந்தால் பொதுவாக ஏற்பார்கள். சுத்தியல் சோதனையைக் காட்டிச் சமாதானம் சொல்வதை ஒப்புக்கொள்ளாதீர்கள். அது மேற்பரப்பைத்தான் தட்டிப் பார்க்கிறது.

இந்தத் தாள்களைச் சேர்த்து வைப்பது, கட்டடம் முடிந்து குடியேறத் தேவையான சான்றிதழான சி.சி.சி.க்கும் உதவும். அடித்தளத்துக்கு ஜி3, கட்டமைப்புக்கு ஜி4 என்று ஒவ்வொரு கட்டத்துக்கும் கையெழுத்துப் படிவம் உண்டு. கட்டமைப்பு மூடிய பிறகு கேட்டால் எந்தக் கியூப் எந்தத் தூணுக்கு என்று யாராலும் சொல்ல முடியாது.

மேம்பாட்டாளரிடம் வீடு வாங்கியவருக்கு நிலைமை வேறு. குறைதீர்ப்புக் காலம் 24 மாதம், வீடு வாங்குவோர் தீர்ப்பாயத்தில் 50,000 ரிங்கிட் வரை கேட்கலாம். சொந்தமாகக் குத்தகையாளரை அமர்த்தியவருக்கு அந்தத் தீர்ப்பாயம் கிடையாது. அவருக்குக் கையில் இருப்பது ஒப்பந்தம்தான். எந்த ஆய்வுக்கூடம், மாதிரியை யார் எடுப்பது, எத்தனை கன மீட்டருக்கு ஒரு மாதிரி, தோற்றால் கோர் செலவு யாருடையது என்ற நான்கையும் முன்பணம் கொடுப்பதற்கு முன் அதில் எழுதச் சொல்லுங்கள்.