ஹெட்ஃபோனுக்குள் சவ்வைத் தள்ளுவது எது?

உட்லண்ட்ஸ் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: “பாலிடெக்னிக்கில் படிக்கும் என் மகள் ‘பிளேனர்’ ஹெட்ஃபோன்தான் வேண்டும் என்று அடம்பிடிக்கிறாள். அடெல்ஃபி கடைத்தொகுதியில் விலை கேட்டால் தலை சுற்றுகிறது. முஸ்தஃபா கடையில் வாங்கிய என்னுடையதிலும் பாட்டு நன்றாகத்தான் கேட்கிறது. உள்ளே அப்படி என்ன வேறுபாடு?”

ஒலி என்பது காற்றழுத்தத்தின் ஏற்ற இறக்கம் என்று பள்ளியில் படித்திருப்பீர்கள். ஹெட்ஃபோனில் அந்த ஏற்ற இறக்கத்தை உண்டாக்கும் பாகத்துக்கு டிரைவர் என்று பெயர். பெரும்பாலான டிரைவர்களில் மெல்லிய சவ்வு ஒன்று முன்னும் பின்னும் அசையும். அந்தச் சவ்வை எந்த விசையால், எந்த இடத்தில் பிடித்துத் தள்ளுகிறார்கள் என்பதில்தான் வகைகள் பிரிகின்றன. எடை, விலை, குறைநிறை எல்லாம் அதற்கு அப்புறம் வருபவை.

வீட்டில் பழுதான இயர்ஃபோன் இருந்தால் நெம்பித் திறந்து பாருங்கள். கண்ணாடி போன்ற ஒரு பிளாஸ்டிக் வட்டம் தெரியும். அதை மெல்ல உரித்தால் பின்பக்கம் செம்புக்கம்பிச் சுருள் ஒன்று வளையமாக ஒட்டியிருக்கும். அந்த வளையம் இறங்கி நிற்கும் ஒடுக்கமான பள்ளத்துக்கு நடுவே ஒரு காந்தம். குண்டூசியைக் கிட்டே கொண்டுபோனால் வெடுக்கென்று இழுத்துக்கொள்ளும். பாட்டு மின்னோட்டமாகச் சுருளில் பாயும்போது காந்தப்புலம் சுருளைத் தள்ளும்; சுருள் சவ்வைத் தள்ளும். டைனமிக் வகை இதுதான். உலகில் விற்கும் ஹெட்ஃபோன்களில் மிகப் பெரும்பாலானவை இவை. ஜெர்மனியின் பேயர்டைனமிக் 1937-இல் கொண்டுவந்த டிடி 48-இல் இருந்த அடிப்படை இன்றும் மாறவில்லை. 1980களில் நியோடிமியம் காந்தம் வந்த பிறகு எல்லாம் சிறிதாகவும் மலிவாகவும் ஆயின, அவ்வளவுதான்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. சுருள் ஒட்டியிருக்கும் வளையத்தில் மட்டும்தான் விசை விழுகிறது. சவ்வின் மற்றப் பகுதிகள் அந்த வளையத்தைப் பின்தொடர வேண்டும். தாழ்ந்த சுருதியில் முழுச் சவ்வும் ஒன்றாகவே போய்வரும். சுருதி ஏற ஏற, நடுப்பகுதி முன்னே போகும்போது ஓரம் பின்னே போகும் நிலை வந்துவிடுகிறது. இழுத்துக் கட்டிய எந்தத் தோலுக்கும் இந்த இயல்பு உண்டு. சி.வி. ராமன் 1920-இல் ‘நேச்சர்’ இதழில் விளக்கியது இதன் மறுபக்கத்தைத்தான்: மிருதங்கத்தின் வலப்பக்கத் தோலான வலந்தலையில் கரணை என்ற கறுப்புப் பூச்சை இடுவதால் அந்தத் துண்டுதுண்டான அதிர்வுகள் சுருதிக்கு இசைவாக அமைகின்றன. மிருதங்கத்துக்கு அந்த அதிர்வுகள்தான் நாதம். ஹெட்ஃபோன் சவ்வுக்கோ அவை கூடவே கூடாது. மிருதங்கத்தின் நாதத்தை அது அப்படியே கொடுக்க வேண்டுமானால் தனக்கென்று ஒரு நாதம் வைத்திருக்க முடியாது. அதனால் பொறியாளர்கள் சவ்வை விறைப்பாக்குகிறார்கள், குவிக்கிறார்கள், ஓரத்தில் வரிவரியாக மடிப்பு வைக்கிறார்கள்.

இத்தனை சிறிய டிரைவரில் இருந்து தவில் போன்ற அடித்தொனி எப்படி வருகிறது என்றும் சிலர் கேட்பார்கள். காதை மூடியிருப்பதால்தான். அடைத்த சிறு இடத்தில் சவ்வு கொஞ்சம் அசைந்தாலே அழுத்தம் ஏறிவிடும். காது மெத்தைக்கும் கன்னத்துக்கும் நடுவே மூக்குக்கண்ணாடியின் காம்பு புகுந்தால் அடித்தொனி மெலிவது இதனால்தான். திறந்தவெளியில் சிறிய சவ்வால் அந்த வேலையைச் செய்ய முடியாது. நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், திறந்த சன்னல் வழியே வரும் சாலை இரைச்சலை அதற்கு நேரெதிரான ஒலியலையால் தணிக்கும் கருவி ஒன்றை 2020-இல் வெளியிட்டார்கள். சன்னல் கம்பிகளில் 24 சிறிய ஒலிபெருக்கிகள். 10 டெசிபல் வரை இரைச்சல் குறைந்தது. ஆனால் 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள உறுமலை அவற்றால் பெரிதாகத் தொட முடியவில்லை, அளவு சிறியது என்பதால். எம்ஆர்டி ரயில் தண்டவாளத்தை ஒட்டிய புளோக்குகளில் இருப்பவர்களுக்கு இந்த ஆய்வின் அருமை தெரியும். இப்படிப்பட்ட ஒலியியல் ஆய்வுகளுக்கு இன்னும் தாராளமாகப் பணம் ஒதுக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

அடுத்தது, மேடைப் பாடகர்கள் காதுக்குள் செருகிக்கொள்ளும் சாதனங்களிலும் காது கேட்கும் கருவிகளிலும் இருக்கும் பேலன்ஸ்டு ஆர்மேச்சர். இதில் சுருள் அசையாது. சுருளுக்கு நடுவே நீட்டிக்கொண்டிருக்கும் இரும்புக்கலவை நாக்கு ஒன்றுதான் இரு காந்தங்களுக்கு இடையே மேலும் கீழும் துடிக்கும். ஒரு மெல்லிய கம்பி அந்தத் துடிப்பைச் சவ்வுக்குக் கொண்டுபோகும். அரிசிமணியைவிடச் சற்றே பெரிய பெட்டிக்குள் எல்லாம் அடங்கிவிடும். நத்தானியல் பால்ட்வின் என்ற அமெரிக்கர் தன் வீட்டுச் சமையலறையில் செய்து, 1910-இல் அமெரிக்கக் கடற்படைக்கு விற்ற ஹெட்ஃபோனிலேயே இந்த உத்தி இருந்தது. ஒரே நாக்கால் எல்லாச் சுருதியையும் ஒழுங்காகக் கொடுக்க முடிவதில்லை. ஆகவே அடித்தொனிக்கு ஒன்று, குரலுக்கு ஒன்று, மேல்தொனிக்கு ஒன்று என்று அடுக்குகிறார்கள்.

சரி, வாசகரின் மகள் கேட்கும் பிளேனர். இதில் சுருளையே சவ்வின் மேல் தட்டையாகப் பரப்பிவிடுகிறார்கள். மெல்லிய படலத்தில் உலோகக் கோடு வளைந்து வளைந்து ஓடும். படலத்தின் முன்னும் பின்னும் வரிசையாகக் காந்தப் பட்டைகள். விசை ஏறக்குறைய சவ்வு முழுவதும் சமமாக விழுவதால் துண்டுதுண்டாக அதிரும் தொல்லை குறைகிறது. யமஹா 1976-இல் கொண்டுவந்த எச்பி-1 இந்த வகையில் புகழ்பெற்றது. இதில் உள்ள குறை என்னவென்றால், அத்தனை காந்தத்தையும் தலையில் சுமக்க வேண்டும். ஒலியும் அந்தப் பட்டைகளுக்கு இடையே நுழைந்துதான் வெளியே வர வேண்டும்.

இப்போது நான் எழுத ஆசைப்பட்ட இடத்துக்கு வந்துவிட்டேன். எலக்ட்ரோஸ்டாட்டிக், அதாவது நிலைமின் வகை. காந்தம் இல்லை, சுருள் இல்லை. துளைகள் நிறைந்த இரண்டு தகடுகள். நடுவில், இரண்டையும் தொடாமல், இழுத்துக் கட்டிய ஒரு பிளாஸ்டிக் படலம். ஜப்பானின் ஸ்டாக்ஸ் நிறுவனம் 1960-இல் கொண்டுவந்த எஸ்ஆர்-1 தான் இதில் முன்னோடி. படலத்தின் தடிமன் ஒன்றிரண்டு மைக்ரான், அதாவது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒன்றிரண்டு பங்கு. ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். பிளாஸ்டிக் காற்றைவிட ஏறத்தாழ 1,200 மடங்கு அடர்த்தியானது. ஒன்றரை மைக்ரான் படலத்தின் எடை, அதன் முன்னால் இருக்கும் 2 மில்லிமீட்டர் காற்றின் எடையைக்கூட எட்டாது. தள்ளுகிற பொருளும் தள்ளப்படுகிற காற்றும் எடையில் இவ்வளவு நெருங்கி வருவது மற்ற வகைகளில் அரிது.

இதை எப்படி அசைப்பது? படலத்துக்கு நிலையான உயர் மின்னழுத்தம் கொடுத்து மின்னூட்டம் ஏற்றுகிறார்கள். ஸ்டாக்ஸின் இன்றைய ஹெட்ஃபோன்களில் அது 580 வோல்ட். பாட்டின் மின்னழுத்தம் இரண்டு தகடுகளுக்கும் எதிரெதிராகப் போகும். ஒரு தகடு நேர்மின்னாகும் கணத்தில் மற்றது எதிர்மின்னாகும். ஒன்று தள்ள, மற்றது இழுக்க, படலம் நகர்கிறது. இதுவரை எளிதுதான். ஆனால் படலத்தை நேரடியாக 580 வோல்ட்டில் கட்டிவைத்தால் காரியம் கெட்டுவிடும். படலம் ஒரு தகட்டை நெருங்கும்போது, மின்வழங்கியில் இருந்து புதிதாக மின்னூட்டம் ஓடிவரும். மின்னூட்டம் கூடினால் இழுப்பு கூடும். இழுப்பு கூடினால் இன்னும் நெருங்கும். பாட்டில் இல்லாத திரிபு ஒலியில் சேர்ந்துவிடும்.

தீர்வு அவ்வளவு அழகு. மின்வழங்கிக்கும் படலத்துக்கும் நடுவே மிகப்பெரிய மின்தடை ஒன்றை வைத்துவிடுகிறார்கள். மின்னூட்டம் மெதுவாகத்தான் ஏறும், மெதுவாகத்தான் இறங்கும். பாட்டின் வேகத்துக்கு அதனால் ஈடுகொடுக்க முடியாது. ஆகவே பாட்டு ஓடும்போது படலத்தில் இருக்கும் மொத்த மின்னூட்டம் மாறுவதில்லை. பள்ளிப் பாடத்தை நினைத்துக்கொள்ளுங்கள்: விசை என்பது மின்னூட்டமும் மின்புலமும் பெருக்கிய தொகை. மின்னூட்டம் மாறாது. பாட்டு உண்டாக்கும் மின்புலம் இரு தகடுகளுக்கு இடையில் எங்கும் ஒரே அளவு. எனவே படலம் எந்த இடத்தில் இருந்தாலும் பாட்டின் விசை பாட்டை மட்டுமே பொறுத்தது. பாட்டின் மின்னழுத்தம் இருமடங்கானால் விசை சரியாக இருமடங்கு.

அத்தோடு முடியவில்லை. மொத்த மின்னூட்டம் மாறாவிட்டாலும் அது படலத்தின் மேலேயே பக்கவாட்டில் நகரலாமே? நடுப்பகுதி தகட்டை நெருங்கும்போது எல்லாம் நடுவுக்கு ஓடிவிட்டால் பழைய தொல்லைதான். அதனால் படலத்தின் மேல் பூசும் பூச்சையும் மின்னோட்டத்தை அரைமனதாக மட்டும் விடும் பொருளாகத் தேர்கிறார்கள். 20 ஹெர்ட்ஸ் ஒலியில் படலம் ஒருமுறை போய்வர 50 மில்லிவினாடி ஆகும். அதற்குள் மின்னூட்டம் இருந்த இடத்தைவிட்டு நகரக் கூடாது. ஆனால் ஹெட்ஃபோனைப் போட்ட சற்று நேரத்தில் படலம் முழுவதும் பரவியும் இருக்க வேண்டும். நல்ல கடத்தியும் உதவாது, முழுக் காப்பானும் உதவாது. பிரிட்டனில் பீட்டர் வாக்கர் 1957-இல் வெளியிட்ட குவாட் நிலைமின் ஒலிபெருக்கியும் இந்த உத்தியில்தான் இயங்கியது. எத்தனை முறை யோசித்தாலும் எனக்கு இது வியப்பு அடங்காத விஷயம்.

நம் ஊர்க் காற்று இதற்கு எதிரி. சிங்கப்பூரின் சராசரி ஈரப்பதம் 80 விழுக்காட்டுக்கு மேல். விடியற்காலையில் 90-ஐத் தாண்டும். ஈரமும் தூசியும் சேர்ந்தால் மின்னூட்டம் கசிந்து, ஒரு பக்கம் ஒலி குறையும், சில நேரம் சடசடப்பும் கேட்கும். கேமராவுக்காக வீட்டில் டிரை கேபினெட் (ஈரப்பதத்தைக் குறைக்கும் பெட்டி) இருந்தால் ஹெட்ஃபோனையும் அதற்குள் வைத்துவிடுங்கள்.

வாசகருக்கு நேரடியாகச் சொல்ல வேண்டியது: வகையைப் பார்த்து வாங்க வேண்டாம். எந்தச் சுருதி எவ்வளவு உரக்கக் காதை எட்டுகிறது என்பதே கேட்பவருக்குப் பெரிய வேறுபாடு. அது காதை மூடும் கிண்ணத்தின் வடிவம், மெத்தை, டிரைவர் எல்லாம் சேர்ந்து அமைவது. 1997-இல் வந்த சென்ஹைசர் எச்டி 600 சாதாரண டைனமிக் வகைதான். இன்றும் பலர் அதை அளவுகோலாக வைத்திருக்கிறார்கள். மகளைக் கூட்டிப்போய் அவளுக்குத் தெரிந்த பாட்டைப் போட்டுக் கேட்கச் சொல்லுங்கள்.

கூடவே ஒன்று. நூற்றுக்கணக்கான வெள்ளிக்குக் கேபிள் வாங்கினால் ஒலி ‘திறக்கும்’, 200 மணி நேரம் ஓடவிட்டால் டிரைவர் ‘பழகும்’ என்பதெல்லாம் மூடநம்பிக்கை. ஒரு மீட்டர் செம்புக்கம்பியின் மின்தடை, ஹெட்ஃபோனின் மின்தடைக்கு முன்னால் மிகச் சிறியது. ஹெட்ஃபோனைக் கழற்றி மறுபடி மாட்டும்போது ஒலியில் வரும் மாற்றம், ‘பழகுவதால்’ வருவதாகச் சொல்லப்படும் மாற்றத்தைவிட அதிகம். பழகுவது நம் மூளை. தேசிய சேவையில் இருக்கும் பிள்ளைகள் மாதப்படியைச் சேர்த்துவைத்து இதில் கொட்டுவதைப் பார்த்தால் எனக்கு மனம் பொறுப்பதில்லை.

கடைசியாகப் புதிய வரவு. 2023-இன் பிற்பகுதியில் சிங்கப்பூர் நிறுவனமான கிரியேட்டிவ் வெளியிட்ட ஆர்வானா ஏஸ் இயர்பட்ஸில், சிலிக்கான் சில்லில் செதுக்கிய டிரைவர் இருக்கிறது. மின்னழுத்தம் கொடுத்தால் வளையும் பைசோ படலம்தான் அங்கே தள்ளுகிறது. அசைவு மிகச் சிறியது என்பதால் அடித்தொனிக்குத் துணையாக 10 மில்லிமீட்டர் டைனமிக் டிரைவர் ஒன்றையும் சேர்த்திருக்கிறார்கள். பைசோ படலங்களைச் சில்லில் வளர்க்கும் ஆய்வுக்காக அரசின் ஆய்வு அமைப்பான ஏ-ஸ்டார், சில்லு தயாரிக்கும் எஸ்டி மைக்ரோஎலக்ட்ரானிக்ஸ், சில்லு தயாரிப்புக் கருவிகள் செய்யும் அல்வாக் மூன்றும் சேர்ந்து அங் மோ கியோவில் ஓர் ஆய்வு உற்பத்தி வரிசையை 2020-இல் அறிவித்தன. ஆய்வுக்காக நம் அரசு ஏறக்குறைய மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 1 விழுக்காட்டை ஒதுக்குகிறது. அதில் ஒரு சிறு பங்கு, அந்தப் படலத்தை இன்னும் கூடுதலாக அசையவைக்கும் வழியைத் தேடும் இளம் ஒலியியல் ஆய்வாளர்களுக்குப் போக வேண்டும்.