மீத்தரவு என்றால் எதன் மேல் இருக்கும் தரவு?

என் மைத்துனர் கும்பகோணம் பக்கம் ஒரு கல்யாண ஸ்டூடியோ வைத்திருக்கிறார். 15 வருடப் படங்களும் வீடியோக்களும் ஓர் அலமாரி நிறைய ஹார்ட் டிஸ்க்குகளில் கிடக்கின்றன. "எங்க கல்யாணத்துல தாத்தா தனியா நிக்கிற மாதிரி ஒரு போட்டோ எடுத்தீங்களே, அது வேணும், போன வாரம் தவறிட்டார்" என்று யாராவது வந்து நின்றால் தேடி எடுக்க அரை நாள் போகிறது. சரி, எல்லாவற்றையும் ஒழுங்கு செய்யலாம் என்று இரண்டு பேரும் உட்கார்ந்தோம். படங்களை அடுக்கி வைக்கும் மென்பொருள் ஒன்றை நிறுவி, முகப்பு மொழியாகத் தமிழை வைத்தேன். மெனுவில் ஒரு வரி வந்தது: "தனிப்பயன் மீத்தரவு குறிச்சொற்களைச் சேர்."

அவர் அதை இரண்டு தடவை படித்தார். "மாமா, மீத்தரவுன்னா என்ன, மீதி இருக்கிற தரவா, மீட்டெடுத்த தரவா?" என்றார். தமிழ் வழியில் படித்தவர், 15 வருடமாகக் கணினியிலேயே உட்கார்ந்து வேலை செய்பவர். அவருக்கே புரியாத ஒரு வரி யாருக்காக எழுதப்பட்டது? நான் மொழியை ஆங்கிலத்துக்கு மாற்றியதும் "ஓ, டேக் போடறதா" என்று ஒரு நொடியில் வேலையை ஆரம்பித்துவிட்டார். அது எனக்கு உறுத்தியது. அந்த வரியில் 'சேர்' தவிர மற்ற மூன்று சொல்லுமே இடறுகின்றன.

முதலில் மீத்தரவு. ஆங்கிலத்தில் மெட்டாடேட்டா: எடுத்த தேதி, இடம் மாதிரி ஒரு படத்தைப் பற்றிய விவரங்கள். டேட்டா லத்தீன் சொல், 'கொடுக்கப்பட்டவை' என்று பொருள். நம் தரவும் 'தரு' என்ற வேரில் பிறந்ததுதான், தரப்பட்டது. கலிப்பாவின் முதல் உறுப்புக்கும் அதே பெயர். இவ்வளவு பொருத்தமான ஈடு எப்போதாவதுதான் அமையும், அதில் எனக்கு வழக்கே இல்லை. மெட்டா கிரேக்க முன்னொட்டு. 'பிறகு', 'கூட', 'அப்பால்' என்று இடத்துக்கு இடம் பொருள் மாறும். அரிஸ்டாட்டிலின் நூல்களைத் தொகுத்தபோது இயற்கை பற்றிய நூலுக்குப் 'பிறகு' வைக்கப்பட்டதால்தான் மெட்டாபிசிக்ஸ் என்ற பெயரே வந்தது என்பது வழக்கமான விளக்கம். பிற்காலத்தில் ஆங்கிலத்தில் அந்த முன்னொட்டுக்கு 'தன்னைப் பற்றியே' என்ற பொருள் ஏறியது: மொழியைப் பற்றிப் பேசும் மொழி, தரவைப் பற்றிய தரவு. 1968இல் பிலிப் பேக்லி நிரல் மொழிகளைப் பற்றி எழுதியபோது மெட்டாடேட்டா என்ற சொல்லை ஆண்டார். சொல்லின் வரலாறு இவ்வளவு போதும். இங்கே மெட்டா என்றால் 'பற்றி'. 'மேல்' இல்லை, 'உயர்ந்த' இல்லை, 'மிகுந்த' இல்லை.

இனி 'மீ'க்கு வருவோம். தமிழில் மீ என்றால் மேல், உயரம், மிகுதி. தமிழ் வழியில் படித்த எந்தப் பிள்ளையைக் கேட்டாலும் மீ எங்கே வரும் என்று சொல்லும்: மீச்சிறு பொது மடங்கு, மீப்பெரு பொது வகுத்தி. மீ.பொ.ம., மீ.பொ.வ. என்று கரும்பலகையில் எழுதி எழுதியே அந்த ஓரெழுத்தின் பொருள் மனதில் பதிந்திருக்கிறது: இதற்கு மேல் போக முடியாத அளவு. அப்புறம் மீயொலி, காதுக்கு எட்டும் எல்லைக்கு மேற்பட்ட ஒலி. மீத்திறன் கணினி, சாதாரணக் கணினியைவிடப் பல மடங்கு திறன் கொண்டது. மீயுரை என்று இணையத்தின் தாவும் உரைக்கு வைத்தார்கள். ஆக அல்ட்ரா, சூப்பர், ஹைப்பர், மேக்சிமம் என்று நாலு ஆங்கிலச் சொற்களுக்கு ஏற்கெனவே இந்த ஒற்றை எழுத்துதான் சுமை தூக்குகிறது. ஐந்தாவதாக மெட்டாவையும் அதன் தலையில் ஏற்றினால், மீத்தரவு என்று படிக்கிறவர் மாபெரும் தரவு என்றோ, சூப்பர் தரவு என்றோகூட எடுத்துக்கொள்ளலாம். ஒரு படம் எந்தத் தேதியில் எடுக்கப்பட்டது என்ற சின்ன விவரத்துக்கு இவ்வளவு பெரிய கிரீடம் எதற்கு?

மீ-க்காக வாதாடுகிறவர்கள் சொல்வதை நான் கேட்காமல் இல்லை. சொல் சின்னது, மெட்டா, மீ என்று ஒலியும் ஒத்துப்போகிறது, மீமொழி என்று மற்ற இடங்களிலும் ஒரே சீராக ஒட்டலாம் என்கிறார்கள். சின்னது என்பது உண்மை. ஒலி ஒத்துப்போவதுதான் என்னைப் பொறுத்தவரை இதில் பெரிய பொறி. மொழிபெயர்ப்பாளருக்கு ஆங்கிலச் சொல் காதில் ஒலித்துக்கொண்டே இருப்பதால் மீ என்றதும் அவருக்கு மெட்டா ஞாபகம் வருகிறது, பொருத்தமாகப் படுகிறது. ஆங்கிலம் காதில் ஒலிக்காத வாசகருக்கு அந்தப் பாலம் கிடையாது. அவருக்கு மீதியும் மீட்பும்தான் ஞாபகம் வரும், என் மைத்துனருக்கு வந்த மாதிரி. ஆங்கிலச் சொல் தெரிந்தால் மட்டுமே விளங்கும் தமிழ்ச்சொல்லைத் தமிழ்ச்சொல் என்று என்னால் ஏற்க முடியவில்லை. ஒரே சீராக ஒட்டலாம் என்பதிலும் எனக்கு நம்பிக்கை இல்லை. ஆங்கிலத்திலேயே மெட்டாவுக்கு இடத்துக்கு இடம் பொருள் மாறும்போது, நாம் மட்டும் எல்லா இடத்திலும் ஒரே எழுத்தை ஒட்டிக் காப்பாற்றப் போவது எதை?

'மேனிலைத் தரவு' என்று இன்னொன்று உண்டு. மேனிலை என்றதும் நமக்கு மேல்நிலைப் பள்ளி, ஊர் முனையில் நிற்கும் மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டி. ஒன்று படியில் உயர்ந்தது, ஒன்று தரையில் இருந்து உயர்ந்தது. படத்தின் விவரம் படத்தைவிட எந்த வகையில் உயர்ந்தது? முகூர்த்தப் படம்தான் வாடிக்கையாளர்களுக்கு வேண்டும். அதைக் கண்டுபிடிக்க உதவும் விவரம் அதற்குத் துணை.

இது ஏதோ நமக்குப் புதிய விஷயம், அதனால்தான் சொல் இல்லை என்கிறார்கள். அங்கேதான் எனக்குக் கோபமே வருகிறது. 'யாதும் ஊரே' பாட்டைப் புறநானூற்றில் 192ஆம் பாட்டாகத் திறந்து பாருங்கள். திணை பொதுவியல், துறை பொருண்மொழிக்காஞ்சி, பாடியவர் கணியன் பூங்குன்றனார். பாட்டு ஒன்று, பாட்டைப் பற்றிய விவரம் தனி. பதிற்றுப்பத்தில் இன்னும் திட்டமாக, ஒவ்வொரு பாட்டுக்கும் துறை, வண்ணம், தூக்கு, பெயர் என்று நாலு விவரம். பெயர் என்பது அந்தப் பாட்டிலேயே வரும் ஒரு தொடர், 'புண்ணுமிழ் குருதி' என்பது போல. அகநானூற்றைத் தொகுத்தவர் எண்ணிலேயே திணையை வைத்துவிட்டார்: ஒற்றைப்படை எண் எல்லாம் பாலை, 2, 8 என்று முடிந்தால் குறிஞ்சி, 4 முல்லை, 6 மருதம், பத்தின் மடங்கு நெய்தல். 400 பாட்டையும் திறக்காமலே வகை தெரிந்துவிடும். கோப்பின் பெயரிலேயே வகையை எழுதி வைக்கும் இன்றைய பழக்கத்துக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

விவரம் தொலைந்தால் என்ன ஆகும் என்பதும் அங்கேயே இருக்கிறது. குறுந்தொகை 40ஆம் பாட்டைப் பாடியவரின் இயற்பெயர் நமக்கு வந்து சேரவில்லை. 'செம்புலப் பெயல்நீர் போல' என்ற உவமையை வைத்துச் செம்புலப்பெயனீரார் என்று அவரை அழைக்கிறோம். புறநானூறு 243இல் தொடித்தலை விழுத்தண்டினார் கதையும் அதேதான். பாட்டுக்குள் இருந்தே ஒரு பிடியை எடுத்துப் பெயராக வைத்திருக்கிறார்கள். மைத்துனரின் ஹார்ட் டிஸ்க்கில் 'சிவப்புப் புடவை அக்கா' என்று ஒரு ஃபோல்டர் இருக்கிறது. யார் வீட்டுக் கல்யாணம் என்பது போய்விட்டது, புடவை மட்டும் நிற்கிறது. அரட்டைச் செயலி வழியாக வாடிக்கையாளர் திருப்பி அனுப்பிய படங்களில் கேமரா எழுதிய தேதியும்கூட உரிந்து போயிருந்தது.

திணை, துறை, பாடியவர் விவரங்களை நம் பதிப்பாசிரியர்களும் வாத்தியார்களும் சாதாரணமாக என்ன சொல்கிறார்கள்? குறிப்பு. அந்தச் சொல்லையே எடுத்துக்கொண்டு 'குறிப்புத் தரவு' என்கிறேன் நான். ஒன்றைக் குறித்துச் சொல்லும் தரவு. 'குறித்து' என்றாலே 'பற்றி' என்ற பொருள் உள்ளே வந்து உட்கார்ந்துவிடுகிறது, மெட்டாவுக்கு இங்கே உள்ள பொருளும் அதுதான். குறை இல்லாமல் இல்லை. இலக்கணத்தில் குறிப்பு என்றால் வெளிப்படையாகச் சொல்லாமல் உணர்த்துவது, தொலைபேசியில் குறிப்பு என்றால் கைக்குறிப்பு எழுதும் செயலி. ஆனால் தரவு என்ற சொல் பின்னால் வந்து நிற்பதால் குழப்பம் பெரும்பாலும் நீங்கிவிடுகிறது. மைத்துனரிடம் "குறிப்புத் தரவு" என்று மட்டும் சொன்னேன், விளக்கம் சொல்லவில்லை. "போட்டோவப் பத்தின விவரமா?" என்றார்.

அடுத்தது டேக், அந்த வரியில் குறிச்சொல் என்று வந்தது. இங்கே தவறு இன்னும் ஆழமானது, ஏனென்றால் ஆங்கிலத்திலேயே ஒரு சொல்லில் இரண்டு பொருள் ஒளிந்திருப்பதை மொழிபெயர்த்தவர் கவனிக்கவில்லை. 1986இல் ஆல்டஸ் நிறுவனம் கொண்டுவந்த டிஃப் என்ற படக்கோப்பு வடிவத்தில் டேக் என்றால் விவரம் எழுத எண்ணிட்ட ஓர் இடம். கேமரா படத்துக்குள்ளேயே விவரம் எழுதும் முறையான எக்ஸிஃப், 1995இல் ஜப்பானில் உருவானது, அதையே பின்பற்றியது. கேமராவைத் தயாரித்தவர் பெயருக்கு 271, மாடலுக்கு 272, படம் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பதற்கு 274, எடுத்த தேதிக்கும் நேரத்துக்கும் 36867. கேமரா இந்த எண்ணுக்கு நேரே தேதியை எழுதி வைக்கிறது. இந்த விவரங்களைப் படித்துக் காட்டும் எக்ஸிஃப்டூல் மாதிரிக் கருவிகளில் டேக் என்று வருவது இதுதான். டிஜிகேம் மாதிரிப் படம் அடுக்கும் மென்பொருளிலோ டேக் என்பது 'முகூர்த்தம்', 'நலங்கு', 'பெண் வீடு' என்று நாம் படத்தின் மேல் ஒட்டும் சொல். முன்னது கேள்வி, பின்னது பதில் என்றே வைத்துக்கொள்ளலாம். துறை என்பதும் பொருண்மொழிக்காஞ்சி என்பதும் ஒன்றா?

குறிச்சொல் என்பது பின்னதற்கு மிக நல்ல சொல். யார் ஆக்கியதோ, கும்பிடலாம். ஆனால் 36867ஐப் போய்க் குறிச்சொல் என்றால் எப்படி? அதில் சொல்லே இல்லை, எண்தான் இருக்கிறது. அதற்குத் தரவுத்தளக்காரர்கள் பல காலமாகப் புழங்கும் 'புலம்' இருக்கிறது, அதை வைத்தால் போதும். தேதி ஒரு புலம், இடம் ஒரு புலம், சடங்கு ஒரு புலம். சடங்கு என்ற புலத்துக்குள் 'மாலை மாற்றல்' என்று எழுதுகிறோம். மொழிபெயர்ப்பாளர்கள் பலர் மென்பொருளைத் திறந்துகூடப் பார்க்காமல், சொற்பட்டியலில் டேக் என்று கண்ட இடமெல்லாம் ஒரே சொல்லை நிரப்பிக்கொண்டு போகிறார்கள். அந்தப் பொத்தானை ஒரு தடவை அழுத்தியிருந்தால் அங்கே கேட்பது புலத்தின் பெயரா, குறிச்சொல்லா என்று தெரிந்திருக்கும். நம் மெனுவில் அது கேட்டது புலத்தின் பெயரை.

மூன்றாவது, தனிப்பயன். கஸ்டம் என்று வரும் இடத்தில் எல்லாம் இப்போது இதுதான். தனிப்பயன் எழுத்துரு, தனிப்பயன் ஒலி, தனிப்பயன் தேதி. படிக்கிறவருக்கு இது 'தனி ஒருவர் பயன்பாட்டுக்கு மட்டும்' என்று கேட்கிறது. மைத்துனருக்கும் அந்தச் சந்தேகம் வந்தது: "நான் போடறது கஸ்டமருக்குத் தெரியாதா?" உண்மையில் அதற்கு நேர் எதிர், படத்துக்குள்ளேயே எழுதினால், யாரும் உரித்து எடுக்காதவரை படத்தோடு அதுவும் சேர்ந்தே போகலாம். சொல்ல வந்தது என்ன? மென்பொருள் கொடுத்தது போதவில்லை என்றால் நாமே வகுத்துக்கொள்வது. தையல்காரரிடம் அளவு கொடுத்துத் தைப்பதற்கு நாம் தனிப்பயன் சட்டை என்றா சொல்கிறோம்? 'நாமே வகுத்த' என்று எழுதினால் ஓர் எழுத்துகூட விளக்க வேண்டியதில்லை. இடம் நெருக்கடி என்றால் 'சொந்த' போதும்.

ஆக அந்த வரி "சொந்தக் குறிப்புத் தரவுப் புலங்களைச் சேர்" என்று இருந்திருக்க வேண்டும். இது நீளம் என்று தோன்றினால் "சொந்த விவரப் புலம் சேர்" என்றாலும் எனக்குச் சம்மதம். விவரம் என்ற சொல் தூய தமிழ் இல்லை என்று யாராவது கொடி பிடித்தால் நான் அந்தச் சண்டைக்கு வரவில்லை. புரியாத தூய சொல்லைவிட, டீக்கடையில் புழங்கும் விவரம் எனக்கு ஆயிரம் மடங்கு மேல். மெட்டாடேட்டா என்று தமிழ் எழுத்திலேயே எழுதியிருந்தாலும் பொறுத்துக்கொண்டிருப்பேன், அதுவாவது யாரையும் தவறான பக்கம் அனுப்பாது.

அந்த மென்பொருளின் தமிழாக்கத்தைப் பார்த்துக்கொள்பவருக்கு இதை எல்லாம் எழுதி அனுப்பினேன். மீத்தரவு ஏற்கெனவே பல இடங்களில் வந்துவிட்டது, இப்போது மாற்றினால் சீர்மை கெடும் என்று பதில் வந்தது. எல்லா இடத்தையும் நானே மாற்றித் தருகிறேன், ஒவ்வொன்றையும் திறந்து பார்த்து, புலமா குறிச்சொல்லா என்று பிரித்தே தருகிறேன் என்று மறுபடி எழுதியிருக்கிறேன். மைத்துனர் அதற்குள் சடங்கு, வீடு, உறவு என்று மூன்று புலம் திறந்து 2011 வரைக்கும் வந்துவிட்டார்.